ஈரங்கொல்லியின் சாட்சி

1323ஆம் ஆண்டுக் கலாபத்தில் பிள்ளை உலகாசிரியர் அழகியமணவாளனைத் திருவரங்கத்தினின்றும் எழுந்தருளப்பண்ணிக்கொண்டு புறப்பட்டார். வழியிலே சோதிகுடியில் திருநாட்டுக்கு எழுந்தருளினார். பெருமாள் கோயிலுக்கு மீண்டெழுந்தருளியது சகாப்தம் 1293இல், அதாவது 1371இல். கோபணாரியர் செய்த இக்கைங்கர்யத்தை வடமொழிச் சுலோகக் கல்வெட்டு உரைக்கின்றது.

அக்கல்வெட்டில் இல்லாத ஒன்றைக் கோயிலொழுகு கூறும். இடைக்காலத்தில் வேறொரு திருமேனி எழுந்தருளியிருந்தமையால், பழைய பெருமாள் யாவர் என்னும் ஐயம் எழுந்தது. கண்ணிழந்த முதிய ஈரங்கொல்லி ஒருவர், திருமஞ்சனத்து ஈரவாடைத் தீர்த்தத்தை உட்கொண்டு, பண்டைப் பரிமளத்தால் பெருமாளை அறிந்துரைத்தார். ‘நம்பெருமாள்’ என்னும் திருநாமம் அவர் வாக்கில் வந்தது.

கொணர்ந்தவரைக் கல்வெட்டால் அறிகிறோம். அடையாளங் கண்டவரை ஒழுகாலன்றி அறியவியலாது. கல்வெட்டொன்றையே பிரமாணமாகக் கொண்டு ஒழுகைக் கட்டுக்கதையெனத் தள்ளுவோர், நாம் நித்யம் அநுசந்திக்கும் திருநாமத்தின் வரலாற்றையே இழப்பர்.