கோட்டைக்கு வெளியே ஒரு நகரம் – 11: பக்ஷியின் பள்ளிக்கூடம்

மைசூரில் நகர மேம்பாட்டு வாரியம் 1903-இல் பிறந்த கதையை இந்த வாரம் சொல்வதாகக் கடந்த இதழில் எழுதியிருந்தேன். பிளேக் அடித்து ஓய்ந்த ஊர் அது. 1891-இல் 74,048 பேர் இருந்த நகரத்தில், 1901 கணக்கெடுப்புக்கு வந்தவர்கள் 68,111 பேர்தான். கோட்டையின் நெரிசலையும் பழைய அக்ரகாரத்தையும் விட்டு வெளியே போன குடும்பங்களுக்கு மனை அளந்து, தெருப் போட்டு, சாக்கடை வெட்டிக் கொடுத்தது வாரியம்.

ஆனால் வயல்வெளியில் வீடு கட்டிக்கொள் என்று சொன்னால் ஒரு குடும்பத் தலைவர் இரண்டு கேள்வி கேட்பார். தண்ணீர் வருமா? பிள்ளைகள் எங்கே படிப்பார்கள்? அந்தப் ‘பிள்ளைகள்’ கணக்கில் பெண் பிள்ளையும் சேர்ந்தது மைசூரில் எப்போது? 1881-இல். சேர்த்தவர் யார்? இதற்கு விடை தெரியாமல் புதுப் பேட்டைகளுக்குள் போவதில் பொருளில்லை. எனவே இந்த வாரம் அம்பில் நரசிம்ம ஐயங்கார்.

அவரை மைசூர்க்காரர்கள் பக்ஷி என்றே சொல்வார்கள். அரண்மனையில் அவர் வகித்த பதவி தர்பார் பக்ஷி. ராய் பகதூர் பட்டம் பெற்றவர். பின்னாளில் மகாராஜாவான சாமராஜேந்திர உடையாருக்கு, அவர் சிறுவனாக இருந்தபோது பாடம் சொன்னவர். சிறுவனின் காப்பாளராக 1869-இல் வெள்ளையர் அமர்த்திய கர்னல் மாலிசன், 1857 கிளர்ச்சியைப் பற்றிப் பெரிய பெரிய நூல்கள் எழுதியவர். அவர் பெயர் எல்லாப் புத்தகத்திலும் இருக்கிறது. பக்கத்தில் உட்கார்ந்து பாடம் நடத்திய ஐயங்காருக்கு ஒரு பத்தி கிடைப்பதே அரிது. எனக்கு இது பொறுக்கவில்லை.

ஆண் பிள்ளைகளுக்கு ஊரில் பள்ளி இல்லாமல் இல்லை. மும்மடி கிருஷ்ணராஜ உடையார், வெள்ளையரிடம் ஆட்சியைப் பறிகொடுத்த இரண்டே ஆண்டுகளில், 1833-இல் இலவச ஆங்கிலப் பள்ளி ஒன்றைத் தொடங்கினார். பின்னாளில் மகாராஜா கல்லூரியாக வளர்ந்தது அதுதான். 1854-இல் வெஸ்லியன் மிஷன் பள்ளி வந்தது. 1876-இல் அரண்மனை ஊழியர் குரிக்கார் மரிமல்லப்பா விட்டுச் சென்ற சொத்தில் அவர் பெயராலேயே ஒரு பள்ளி எழுந்தது. கையில் அதிகாரமில்லாத ராஜாவும் ஒரு அரண்மனை ஊழியரும் செய்ததை, அதிகாரம் முழுவதும் வைத்திருந்த வெள்ளைக் கமிஷனர் மார்க் கப்பன் செய்யவில்லை. 1834 முதல் 1861 வரை 27 ஆண்டுகள் அவர் ஆண்டார். சாலை போட்டார், காப்பித் தோட்டம் வளர்த்தார். கல்விக்கென்று ஒரு துறை ஏற்பட 1857 வரை ஆயிற்று. பெங்களூரில் குதிரை மேல் அவருக்குச் சிலை இருக்கிறது. மரிமல்லப்பாவின் பள்ளியில் படித்தவர்கள் யாருக்குச் சிலை வைப்பார்கள் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

பெண்கள் விஷயம் வேறு. மிஷன் பள்ளிகளில் பெண்களுக்கு இடம் இருந்தது. ஆனால் அக்ரகாரத்து வீடுகள் அனுப்பவில்லை. மதம் மாற்றிவிடுவார்கள் என்ற பயம் ஒன்று. எட்டு வயதில் கல்யாணம் ஆகப்போகிறவளுக்கு எழுத்து எதற்கு என்ற கேள்வி இன்னொன்று. பக்ஷி இந்த இரண்டாவது கேள்வியோடு நேரே மல்லுக்கு நிற்கவில்லை. முதலாவதை மட்டும் அடியோடு பிடுங்கினார். பள்ளியை அரண்மனையின் நிழலில் தொடங்கினார். சாமராஜேந்திரரின் மனைவி மகாராணி கெம்பநஞ்சம்மணியின் ஆதரவு. பெயரும் மகாராணி பள்ளி. சமஸ்கிருதம் உண்டு, சங்கீதம் உண்டு, கன்னடம் உண்டு. மகாராணியே வைத்த பள்ளிக்கு மகளை அனுப்பமாட்டேன் என்று எந்த அரண்மனை குமாஸ்தா சொல்வார்? சொன்னால் பக்ஷி காதுக்குப் போகாதா? இதை நான் தந்திரம் என்றே சொல்வேன். நல்ல காரியத்துக்கு அரசு செல்வாக்கை இவ்வளவு நயமாகப் பயன்படுத்தியவர் அந்தக் காலத்தில் வேறு யாரும் என் கண்ணில் படவில்லை.

அது உயர்சாதிப் பெண்களுக்கான பள்ளி என்பதையும் சொல்லியாக வேண்டும். வாசலில் நிறுத்தப்பட்ட பெண்கள் ஊரில் அதிகம். பிற்காலத்தில் பஞ்சமர் பிள்ளைகளுக்கான உண்டுறைப் பள்ளிக்காக உழைத்த கோபாலசாமி ஐயரை நான் பக்ஷிக்கும் ஒரு படி மேலே வைக்கிறேன். அக்காலச் சாதிக் கட்டு இறுக்கமானது. அவர் கதை பின்னால் வரும்.

1881 என்ற ஆண்டை நினைத்துப் பார்க்க வேண்டும். ஐந்தில் ஒருவரை வாரிக்கொண்டு போன 1876–78 பஞ்சம் முடிந்து மூன்றே ஆண்டு. மார்ச் 25-இல் ஆட்சி வெள்ளையரிடமிருந்து திரும்ப உடையார் கைக்கு வந்தபோது கஜானாவில் கடன்தான் இருந்தது. திவான் ரங்காச்சார்லு, நம் செங்கல்பட்டுச் சீமைக்காரர், அந்த ஆண்டே பிரஜா பிரதிநிதி சபையைக் கூட்டினார். அவரைப் புகழாத வரலாற்றாசிரியர் இல்லை, புகழட்டும். ஆனால் சபைக்கு வந்தவர்கள் நிலக்காரர்களும் வணிகர்களும். அதே ஆண்டில் பக்ஷி கூட்டிய சிறு சபையில் உட்கார்ந்தவர்கள் பாவாடை கட்டிய சிறுமிகள். அரை நூற்றாண்டு கழித்து மைசூரின் வீடுகளை மாற்றியது எது என்று கேட்டால், நான் இரண்டாவதைத்தான் சொல்வேன்.

கல்யாணம் என்ற சுவரில் பள்ளி முட்டிக்கொண்டே இருந்தது. நன்றாகப் படிக்கும் பெண் ஒரு நாள் தாலியோடு வருவாள், பிறகு வரமாட்டாள். திவான் சேஷாத்ரி ஐயர் காலத்தில், 1894-இல், சமஸ்தானம் ஒரு சட்டம் போட்டது. எட்டு வயது நிறையாத பெண்ணுக்குக் கல்யாணம் கூடாது. ஐம்பது கடந்தவர் பதினான்கு வயதுக்குக் கீழே உள்ள பெண்ணைக் கட்டக் கூடாது. இன்று படிக்கும்போது இவ்வளவுதானா என்று தோன்றும். அன்று இதையே எதிர்த்துச் சாஸ்திரம் பேசினார்கள். அப்படிப் பேசியவர்களை மன்னிக்க என்னால் முடியாது. அவர்கள் வீட்டுப் பெண்களும் சிறுமிகள்தானே.

அந்த ஆண்டு டிசம்பர் 28-இல் மகாராஜா சாமராஜேந்திரர் கல்கத்தாவில் இறந்தார். வயது 31. மகாராணி கெம்பநஞ்சம்மணி ரீஜண்டாக ஆட்சியை எடுத்துக்கொண்டார். ‘வாணி விலாச சன்னிதானம்’ என்று ஊர் அவரை அழைத்தது. ஏறத்தாழ இந்தச் சமயத்தில்தான் பள்ளிக்குக் கல்கத்தாவிலிருந்து ஒரு ஆசிரியை வந்து இறங்கினார்: சரளா தேவி, ரவீந்திரநாத் தாகூரின் அக்கா ஸ்வர்ணகுமாரி தேவியின் மகள்.

பெத்யூன் கல்லூரியில் பி.ஏ. படித்த பெண். வயது இருபதுகளின் தொடக்கம். கல்யாணம் ஆகவில்லை. பணத்துக்குக் குறைவில்லாத வீடு. ஆனாலும் ஆண்கள் சம்பாதிப்பதுபோல் தானும் தன் கையால் சம்பாதிக்க வேண்டும் என்று ஆயிரம் மைல் தாண்டி, மொழி தெரியாத ஊருக்கு வந்தார். அந்தக் காலத்தில் இந்தியாவில் எத்தனை குடும்பங்கள் இதற்குச் சம்மதித்திருக்கும்? எந்தப் பள்ளிதான் நியமன உத்தரவு கொடுத்திருக்கும்? மைசூர் கொடுத்தது.

பாடம் நடத்தியதோடு அவர் நிற்கவில்லை. காதில் விழுந்த தென்னாட்டு மெட்டுகளையெல்லாம் கற்றுக்கொண்டு, மாமாவிடம் கொண்டுபோய்க் கொடுத்தார். ரவீந்திரநாத் அவற்றுக்கு வங்கச் சொற்கள் அமைத்தார். வங்காளத்தில் இன்றும் பாடப்படும் சில பாடல்களுக்குள் மைசூர் வீடுகளின் பூஜை அறை இசை இருக்கிறது.

ஒரு நாள் இரவு சரளா தங்கியிருந்த வீட்டுக்குள் ஒரு இளைஞன் புகுந்துவிட்டான். அவருக்கு ஆபத்து எதுவும் நேரவில்லை. ஆனால் செய்தி வங்காளம் வரை போயிற்று. ஒரு பத்திரிகை, இவ்வளவு வசதியான வீட்டுப் பெண் எதற்காக அத்தனை தூரம் வேலைக்குப் போக வேண்டும் என்று அவரையே குற்றம் சாட்டி எழுதியது. புகுந்தவனைக் கேட்காமல் படுத்திருந்தவளைக் கேட்ட அந்தப் பேனாவை நினைத்தால் இப்போதும் கோபம் வருகிறது. சரளா ஊர் திரும்பினார். பிறகு ‘பாரதி’ இதழை நடத்தினார். 1905-இல், 33 வயதில்தான் கல்யாணம் செய்துகொண்டார். 1910-இல் பாரத ஸ்திரீ மகாமண்டலத்தைத் தொடங்கினார். அந்தத் துணிச்சல் முழுவதும் மைசூரில் விளைந்தது என்று நான் சொல்லவில்லை. சொந்தச் சம்பளத்தை முதலில் எண்ணிப் பார்த்தது மைசூரில்.

பள்ளி பின்வாங்கவில்லை. உயர்நிலைப் பள்ளியாகி, சென்னைப் பல்கலைக்கழகத்தோடு இணைந்து, நூற்றாண்டு திரும்பும்போது கல்லூரி வகுப்புகள் வரை வளர்ந்துவிட்டது. 1897-இல் அரண்மனை எரிந்தது, மறு ஆண்டு பிளேக் வந்தது, ஊர் வெளியே சிதறியது. வாரியம் அளந்து கொடுத்த சாமராஜபுரம், லட்சுமிபுரம், ஒண்டிக்கொப்பல் மனைகளுக்குக் குடிபோன குடும்பங்களில் எழுதப் படிக்கத் தெரிந்த தாய்மார்கள் இருந்தார்கள். புதுத் தெருவில் பள்ளி வேண்டும் என்று கேட்கும் குரல் அடுப்படியிலிருந்தும் வந்தது. ஒண்டிக்கொப்பல் பகுதிக்கு வாணி விலாச மொஹல்லா என்று மகாராணியின் பெயரையே வைத்தார்கள்; பொருத்தமான முடிவு.

அடுத்த இதழில் அதே ஒண்டிக்கொப்பலில் நுழைவோம். 1935-இல் மகாராஜா கல்லூரியின் உளவியல் பேராசிரியர் எம்.வி. கோபாலசுவாமி தம் சொந்த வீட்டிலேயே ஒலிபரப்பு நிலையம் தொடங்கிய இடம் அது. 1903 வாரியத்தின் மனைக் கணக்கும் அதோடு சேர்ந்து வரும்.