படுக்கையிலிருந்து வீதிக்கு: புற்றுநோய் நிதிக்கான துவிச்சக்கரவண்டிப் பயணங்களின் வரலாறு - ஒரு நோக்கு

ஐக்கிய அமெரிக்காவின் மசசூசெற்ஸ் மாநிலத்தில் 1980ஆம் ஆண்டு 36 பேர் துவிச்சக்கரவண்டிகளிற் புறப்பட்டு, உள்நாட்டு நகரான ஸ்பிரிங்ஃபீல்டிலிருந்து அம்மாநிலத்தின் கிழக்குக் கடலோர முனையிலுள்ள புரொவின்ஸ்ரவுன் வரை சென்றனர். புற்றுநோய் ஆராய்ச்சிக்கென அவர்கள் திரட்டிக் கொடுத்த தொகை 10,200 டொலர். பான்-மாஸ் சலஞ்ச் எனப் பெயர்பெற்ற அப்பயணம் அதன்பின் ஆண்டுதோறும் நடைபெற்று வந்துள்ளது. 2024ஆம் ஆண்டுப் பயணத்துடன் அது திரட்டிய மொத்தத் தொகை நூறு கோடி டொலரைக் கடந்தது. உள்ளூர் நண்பர் குழுவொன்றின் கோடைகாலப் பயணம் நாற்பத்து நான்கு ஆண்டுகளில் இத்துணை பெரிய நிறுவனமாக வளர்ந்தமைக்குத் துவிச்சக்கரவண்டியை மட்டும் காரணமாகக் கூறுதல் பொருந்தாது. நோயாளிக்காகப் பிறரிடம் பொருள் கேட்கும் முறையிலேயே இருபதாம் நூற்றாண்டில் ஏற்பட்ட ஒரு மாற்றத்தின் பின்னணியில் வைத்து அதனை நோக்குதல் வேண்டும்.

அம்மாற்றத்தின் தொடக்கத்தை வேறொரு நோயின் வரலாற்றிற் காணலாம். இளம்பிள்ளைவாதத்துக்கு எதிராக 1938இல் எடி கன்ரர் என்னும் நகைச்சுவைக் கலைஞர் வானொலியில் விடுத்த வேண்டுகோளை ஏற்று, அமெரிக்க மக்கள் பத்துச் சத நாணயங்களை நேரே வெள்ளை மாளிகைக்குத் தபாலில் அனுப்பினர். இருபத்தாறு இலட்சத்துக்கு மேற்பட்ட நாணயங்கள் வந்து குவிந்தன. அதுவரை மருத்துவ ஆராய்ச்சி பெரும்பாலும் செல்வர் சிலரின் அறக்கொடைகளையே நம்பியிருந்தது. இலட்சக்கணக்கானோரின் சில்லறைக் காசும் ஓர் ஆய்வுகூடத்தை நடத்தவல்லது என்பது இப்பொழுது தெளிவாயிற்று. இதனை நன்குணர்ந்தவர்களுள் ஒருவர் பொஸ்டன் நகரச் சிறுவர் வைத்தியசாலையின் நோயியல் நிபுணர் சிட்னி ஃபார்பர் ஆவார்.

குருதிப் புற்றுநோயுற்ற குழந்தைகள் சில வாரங்களிலோ மாதங்களிலோ இறந்துவிடுவதே அக்காலத்து வழக்கம். ஃபார்பர் அமினொப்தெரின் என்னும் மருந்தை அத்தகைய 16 குழந்தைகளுக்குக் கொடுத்துப் பார்த்தார். அவர்களுள் 10 பேரிடம் நோய் தற்காலிகமாகத் தணிந்தது. இம்முடிவுகள் 1948இல் வெளியாயின. அம்மருந்து உருவான ஆய்வுகூடத்தை வழிநடத்தியவர் ஆந்திரத்துப் பீமவரத்திற் பிறந்து, சென்னை மருத்துவக் கல்லூரியிற் கற்று, அமெரிக்கா சென்ற யெல்லப்பிரகத சுப்பராவ் என்பது இவ்விடத்துக் குறிப்பிடத்தக்கது. அவர் அதே ஆண்டு ஆகஸ்ட் மாதத்திற் காலமானார். இன்றும் அவருடைய பெயரை அறிந்தோர் மிகச் சிலரே.

தற்காலிகத் தணிவை நிலையான குணமாக மாற்ற ஃபார்பருக்குப் பணம் தேவைப்பட்டது. பணம் திரட்ட ஒரு முகம் தேவைப்பட்டது. நிணநீர்ப் புற்றுநோயுடன் வைத்தியசாலையிற் கிடந்த ஐனார் குஸ்ராஃப்சன் என்னும் பன்னிரண்டு வயதுச் சிறுவன் தெரிவுசெய்யப்பட்டான். அவனுடைய உண்மைப் பெயரை மறைத்து ஜிம்மி எனப் பெயரிட்டனர். 1948 மே 22ஆந் திகதி இரவு, நாடு முழுவதும் ஒலிபரப்பான வானொலி நிகழ்ச்சியொன்றில் அவனுடைய குரல் கேட்டது. பொஸ்டன் பிரேவ்ஸ் பேஸ்போல் குழுவின் வீரர்கள் ஒவ்வொருவராக அவனுடைய படுக்கையருகே வந்து நின்றனர். விளையாட்டைப் பார்ப்பதற்கு ஜிம்மிக்கு ஒரு தொலைக்காட்சிப் பெட்டி வேண்டும், 20,000 டொலர் சேர்ந்தால் அது கிடைக்கும் என்று நேயர்களிடம் கூறப்பட்டது. சேர்ந்த தொகையோ 231,000 டொலருக்கும் அதிகம். ஜிம்மி நிதியம் இவ்வாறே தோன்றியது.

இந்நிகழ்ச்சியில் நோயாளியின் இடம் எது என்பது ஊன்றி நோக்கற்பாலது. அவன் படுத்திருக்கிறான். அவனுக்காகப் பேசுவோர் வேறு, கேட்போர் வேறு, கொடுப்போர் வேறு. அவனுடைய சொந்தப் பெயர்கூட அவனிடம் இல்லை. இரக்கம் ஒன்றே அங்கு பாலமாக அமைகிறது. இம்முறையைக் குறைகூறுதல் எளிது. ஆயினும் அக்காலத்திற் புற்றுநோய் என்ற சொல்லை உரத்துச் சொல்லவே பலர் கூசினர் என்பதையும், அன்றிரவு வானொலியில் ஜிம்மியின் நோய் இன்னதென அவனுக்கே தெரியாதபடி பேசப்பட்டது என்பதையும் மறத்தலாகாது. பெயர் மறைந்த அச்சிறுவன் இறந்துவிட்டான் என்றே பின்வந்தோர் பலர் எண்ணினர். அவனோ குணமடைந்து மெயின் மாநிலத்துக்குத் திரும்பி, லொறிச் சாரதியாக வாழ்ந்து, ஐம்பது ஆண்டுகளின் பின் 1998இல் தன் சொந்தப் பெயருடன் மீண்டும் மக்கள் முன் தோன்றினான்.

அந்த ஐம்பது ஆண்டுகளுக்கிடையில் இரு மாற்றங்கள் நிகழ்ந்தன. முதலாவது, அரசு முன்வந்தமை. 1971 டிசெம்பரில் ஜனாதிபதி நிக்ஸன் கைச்சாத்திட்ட தேசிய புற்றுநோய்ச் சட்டத்தின் மூலம் பெருந்தொகையான அரச நிதி ஆராய்ச்சிக்கு ஒதுக்கப்பட்டது. அரசே கொடுக்கும்போது தனியார் நிதி எதற்கு என்ற வினா எழுதல் இயல்பு. முன்னரே ஓரளவு பயன் காட்டிய ஆய்வுகளுக்கே அரச நிதி பெரும்பாலும் கிடைக்கும். இன்னும் எதுவும் நிறுவப்படாத புதிய எண்ணமொன்றைச் சோதிப்பதற்கு நிபந்தனையற்ற பணம் வேண்டும். நன்கொடைப் பணத்தின் தேவை இங்கேயே எழுகிறது. இரண்டாவது மாற்றம், நோயாளி எழுந்து நடந்தமை.

நடந்தமை என்பது உருவகமன்று. கனடாவின் மேற்குக் கரையில் வளர்ந்த ரெறி ஃபொக்ஸ் என்னும் இளைஞரின் வலது காலை 1977இல் என்புப் புற்றுநோய் காரணமாக முழங்காலுக்கு மேலே அகற்றினர். சிகிச்சைக் காலத்தில் உடனிருந்த நோயாளிகளின் துன்பத்தைக் கண்ட அவர், செயற்கைக் காலுடன் நாட்டைக் குறுக்கே ஓடிக் கடந்து ஆராய்ச்சிக்கு நிதி திரட்டத் தீர்மானித்தார். 1980 ஏப்ரல் 12இல் நியூஃபவுண்ட்லாந்தின் சென். ஜோன்ஸ் நகரிற் புறப்பட்டார். தொடக்கத்தில் ஆதரவு சொற்பமே. ஆயினும் பத்தாயிரம் மக்கள் வாழ்ந்த போட் ஓ பாஸ்க் என்னும் சிறு துறைமுக நகர் தலைக்கு ஒரு டொலர் வீதம் பத்தாயிரம் டொலர் கொடுத்தது. ஒவ்வொரு கனேடியரிடமிருந்தும் ஒரு டொலர் என்ற அவருடைய இலக்கு இத்தகைய அனுபவத்தால் வலுப்பெற்றது எனலாம். 143 நாட்களில் 5,373 கிலோமீற்றர் ஓடிய பின், செப்டெம்பர் 1ஆந் திகதி தண்டர் பே நகருக்கு அண்மையில் அவர் நிறுத்த நேர்ந்தது. நோய் நுரையீரலுக்குப் பரவியிருந்தது. 1981 பெப்ருவரியில் நிதி அந்நாட்டின் சனத்தொகைக்குச் சமமாக இரண்டு கோடியே நாற்பது இலட்சம் டொலரைத் தாண்டியது. அதே ஆண்டு ஜூன் 28இல், இருபத்து மூன்று வயது நிரம்புமுன், அவர் மறைந்தார்.

ஜிம்மியின் வேண்டுகோளிலிருந்து இது எவ்வாறு வேறுபடுகிறது என்பது வெளிப்படை. இங்கு நோயாளியே கேட்கிறார். தம் பெயரைச் சொல்லி, மறைக்கப்பட வேண்டியதெனக் கருதப்பட்ட காலை யாவரும் காணும்படி வைத்துக் கேட்கிறார். ஆயினும் ஒரு மனிதரின் உடலைச் சார்ந்த முயற்சி அவ்வுடலுடன் முடிந்துவிடும் அபாயமுடையது. ரெறி ஃபொக்ஸ் ஓட்டம் 1981 செப்டெம்பரிலிருந்து ஆண்டுதோறும் தொடர்வதற்குக் காரணம், போட்டியும் வணிக விளம்பரமும் இன்றி எவரும் கலந்துகொள்ளலாம் என்று அதற்கு அமைந்த விதியே.

ஃபொக்ஸ் ஓடிய அதே ஆண்டிலேயே மசசூசெற்ஸ் பயணம் தோன்றியது. அதனைத் தொடங்கிய பில்லி ஸ்ராரின் தாயார் மெலனோமா என்னும் தோற் புற்றுநோயால் 1974இல் நாற்பத்தொன்பது வயதில் இறந்தவர். நீண்டதூரம் வண்டியோட்டுவது அக்காலத்து அமெரிக்க இளைஞரிடையே பரவியிருந்த வழக்கமாகும். 1972 முதல் 1974 வரை அந்நாட்டில் மோட்டார் கார்களைவிடத் துவிச்சக்கரவண்டிகளே அதிகம் விற்பனையாயின. (பொருளாதாரத் தடை நிலவிய 1990களில் நோயாளியையே துவிச்சக்கரவண்டியில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குச் சென்ற யாழ்ப்பாணக் குடாநாட்டவருக்கு, வண்டியோட்டுவதற்காகப் பிறர் பணம் கொடுப்பர் என்பது வியப்பாகவே தோன்றும்.)

மைல் ஒன்றுக்கு இவ்வளவு என வாக்குறுதி பெற்று நடக்கும் முறை முன்னரே இருந்தது. கனடாவில் 1967இல் தொடங்கிய மைல்ஸ் ஃபோர் மில்லியன்ஸ் நடைபயணங்கள் அத்தகையன. ஸ்ராரின் அமைப்பு அதிலிருந்து விலகி வேறொரு விதியை வகுத்துக்கொண்டது. கலந்துகொள்பவர் குறித்த ஒரு தொகையைத் திரட்டித் தருவதாக முன்கூட்டியே ஒப்பமிடுகிறார். பிற்காலத்தில் அத்தொகை பல ஆயிரம் டொலராக உயர்ந்தது. நண்பரும் உறவினரும் கொடுத்தது போதாதெனின் மீதியை அவர் தம் கையிலிருந்தே செலுத்தவேண்டும். ஆகவே இங்கு உண்மையான பளு வண்டியை மிதிப்பதன்று. ஐம்பது பேருக்குக் கடிதம் எழுதிக் கேட்பதே. கூச்சமுடைய மனிதன் ஒருவன் தனக்காகக் காசு கேட்கமாட்டான். இருநூறு மைல் ஓட்டப்போகிறேன் என்று சொல்லிப் பிறருக்காகக் கேட்பான். துவிச்சக்கரவண்டி அவனுக்குக் கேட்கும் உரிமையை அளித்தது என்பதே இவ்வரலாற்றில் அதன் இடம்.

பணம் முழுவதும் டேனா-ஃபார்பர் புற்றுநோய் நிலையத்துக்கு ஜிம்மி நிதியத்தினூடாகவே செல்கிறது. படுக்கையிற் கிடந்த சிறுவனின் பெயரால் அமைந்த நிதியத்துக்கு, நோயிலிருந்து மீண்டோரும் சிகிச்சை பெற்றுக்கொண்டிருப்போரும் நூற்றுக்கணக்கில் வண்டியோட்டிப் பொருள் சேர்க்கின்றனர். அவர்களுக்கு ‘வாழும் சான்று’ என்று பெயர். ஓட்டக் குழுக்கள் சிகிச்சை பெறும் குழந்தை ஒவ்வொன்றைத் தமக்குரிய தோழராக ஏற்றுக்கொள்வதும் உண்டு. குழந்தையின் முகம் இன்னும் தேவைப்படுகிறது என்பதை இது காட்டுகிறது. ஆனால் அதே வீதியில் மீண்டெழுந்தோரும் செல்வதால், காண்போர் மனத்தில் இரக்கத்துடன் வேறோர் உணர்வும் கலக்கிறது.

இத்தகைய முயற்சிகளை ஐயத்துடன் நோக்குவோரும் உளர்; அவர்களுடைய ஐயம் நியாயமற்றதன்று. கலிபோர்னியாவில் 1994இல் தொடங்கிய எயிட்ஸ் நிதித் துவிச்சக்கரவண்டிப் பயணங்களை நடத்திய வணிக நிறுவனம், திரட்டிய பணத்திற் பெரும்பகுதியை ஏற்பாட்டுச் செலவாக்கியது எனக் கடுங்கண்டனத்துக்குள்ளாகி 2002இல் மூடப்பட்டது. பான்-மாஸ் சலஞ்ச் ஏற்பாட்டுச் செலவுகளைப் பதிவுக் கட்டணத்தாலும் வணிக நிறுவனங்களின் அனுசரணையாலும் ஈடுசெய்து, 2007ஆம் ஆண்டு முதல் ஓட்டுநர் திரட்டும் பணத்தை ஒரு சதமும் குறையாமல் ஆராய்ச்சிக்கே கொடுத்து வருகிறது. அனுசரணை வழங்குவோர் வணிகர் என்பதால் இதுவும் முற்றாகக் குற்றமற்றதென்று கொள்வதற்கில்லை; ஆயினும் கணக்கு வெளிப்படையானது.

மற்றொரு ஐயம் லான்ஸ் ஆம்ஸ்ட்ரோங் என்பவரின் வரலாற்றால் வலுப்பெற்றது. 1996இல் புற்றுநோய்க்குள்ளாகி மீண்டு, பிரான்ஸ் நாட்டுப் பெரும் துவிச்சக்கரவண்டிப் போட்டியில் 1999 முதல் 2005 வரை ஏழு முறை முதலிடம் பெற்றவர் அவர். அவர் நிறுவிய நிதியம் 2004இல் ஒரு டொலர் விலையில் அறிமுகப்படுத்திய மஞ்சள் நிறக் கைப்பட்டிகள் கோடிக்கணக்கில் விலைப்பட்டன. ஊக்கமருந்து பாவித்தமை நிறுவப்பட்டு 2012இல் ஏழு வெற்றிகளும் பறிக்கப்பட்டபோது, அவர் தாம் அமைத்த நிதியத்திலிருந்தே விலக நேர்ந்தது. ஃபொக்ஸின் முறையிலிருந்த அபாயம் இங்கு வேறு வடிவில் வெளிப்பட்டது. வீரன் ஒருவனின் தோளில் ஏற்றிய நிதி அவனுடன் சரியும். முப்பத்தாறு பேரில் எவரும் வீரர் அல்லர் என்பதே மசசூசெற்ஸ் முயற்சியின் பலம் எனலாம்.

இலங்கையிலும் இவ்வரலாற்றின் கிளையொன்று உண்டு. வட பகுதியின் புற்றுநோயாளர் சிகிச்சைக்காக மகரகமவுக்குச் செல்லவேண்டியிருந்த நிலையைப் போர்க்காலம் மேலும் கொடிதாக்கிற்று. பிரயாணச் செலவும், கொழும்பிலே தங்குமிடமும், மொழி தெரியாத இடத்தில் நோயைச் சொல்லி விளங்கவைக்கும் சிரமமும் நோயுடன் சேர்ந்துகொண்டன. போர் முடிந்து இரண்டு ஆண்டுகளின் பின், 2011 ஜூலையில், தெற்கே தேவேந்திரமுனையிற் புறப்பட்ட குழுவொன்று 27 நாட்களில் ஏறத்தாழ 670 கிலோமீற்றர் நடந்து பருத்தித்துறையை அடைந்தது. தெல்லிப்பழையிற் புற்றுநோய் வைத்தியசாலை அமைப்பதற்கு நிதி திரட்டுவதே அதன் நோக்கம். ட்ரெயில் எனப்பட்ட அந்நடையிற் சென்றவர்கள் வண்டி ஏறவில்லை. ஆயினும் வழியிற் சேர்ந்து ஓரிரு நாள் நடந்தோரும், வீதியோரம் நின்று இயன்றதைக் கொடுத்தோரும் பெருந்திரளாக இருந்தமையால், அது போட் ஓ பாஸ்க் நகரத்தின் வழிவந்ததென்றே கொள்ளலாம். 2016இல் நடை திசைமாறிப் பருத்தித்துறையிலிருந்து தேவேந்திரமுனை நோக்கிச் சென்றது. அம்முறை நிதி காலி கராப்பிட்டிய வைத்தியசாலையின் புற்றுநோய்ப் பிரிவுக்கு.

பொஸ்டனில் திரண்ட பணம் புதிய மருந்தைத் தேடுவதற்கு; தெல்லிப்பழையில் திரண்ட பணம் ஏற்கெனவே கண்டுபிடிக்கப்பட்ட மருந்தைக் கொடுப்பதற்கு ஓர் இடம் அமைப்பதற்கு. இலவச மருத்துவம் அரசின் கடமையென ஏற்ற நாட்டில் அக்கட்டடத்தை வழிப்போக்கரின் பணத்தில் எழுப்ப நேர்ந்தது ஏன் என்பது தனியே ஆராயப்படவேண்டிய வினா. கட்டடம் ஒருமுறை எழுந்தால் நிற்கும். அதனுள் வைத்திய நிபுணரும் தாதியரும் கதிர்ச்சிகிச்சை இயந்திரமும் மருந்தும் ஆண்டுதோறும் வேண்டும். அவை சுகாதார அமைச்சின் வருடாந்த ஒதுக்கீட்டிலிருந்தே வரவேண்டும்.