பையில் தொடங்கிய பந்தயம்: மாணவர் ரோபோப் போட்டிகளில் வரம்புகளின் வரலாறு

அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் 2.70 என்று எண்ணிட்ட ஒரு வடிவமைப்புப் பாடம் இருந்தது. 1970களின் தொடக்கத்தில் அதன் பொறுப்புக்கு வந்த இளம் ஆசிரியர் வுடி ஃப்ளவர்ஸ், மாணவர்களின் கையில் ஆளுக்கொரு பையைக் கொடுத்தார். எல்லாப் பைகளிலும் ஒரே மாதிரியான உதிரிப் பொருள்கள். அவற்றைக் கொண்டு, சொன்ன வேலையைச் செய்யும் கருவியைக் கட்ட வேண்டும். பருவ முடிவில் அதைச் சக மாணவரின் கருவியோடு மோதவிட வேண்டும். வகுப்பறைப் பாடமாக இருந்தது, ஆரவாரம் நிறைந்த பந்தயமாக மாறியது.

மாணவர் ரோபோப் போட்டிகளின் வரலாறு என்றால் மோட்டாரும் சென்சாரும் வளர்ந்த கதை என்றே பலரும் எண்ணுவார்கள். இக்கட்டுரை வேறொரு நூலைப் பிடித்துச் செல்கிறது. எவ்வளவு பொருள், எத்தனை நாள், எவ்வளவு எடை, யாரோடு யார் என்னும் வரம்புகள் எப்படி வந்தன, எப்படித் தளர்ந்தன என்பதைப் பார்த்தால்தான் இப்போட்டிகள் மாணவர்களுக்கு என்ன செய்தன என்பது விளங்கும்.

பசிபிக் கடலின் மறுகரையிலும் இதே எண்ணம் தனியே முளைத்தது. டோக்கியோ தொழில்நுட்பக் கழகப் பேராசிரியர் மசஹிரோ மோரி, கிட்டத்தட்ட மனிதனைப் போலவே தோன்றும் ரோபோவைக் கண்டால் நமக்குள் எழும் ஒவ்வாமையைப் பற்றி 1970இல் எழுதிப் பின்னாளில் உலகப் புகழ்பெற்றவர். 1981இல் அவர் தம் மாணவர்களுக்கு வைத்த வரம்பு, டார்ச் விளக்கில் போடும் தடித்த பேட்டரி இரண்டே இரண்டு. அந்த மின்சாரத்தைக் கொண்டு ஓர் ஆளைச் சுமந்து ஓடும் வண்டி செய்ய வேண்டும். பேட்டரியின் சக்தி அவ்வளவு குறைவாக இருக்கும்போது ஒவ்வொரு பேரிங்கின் உராய்வும், சக்கரத்தின் ஒவ்வொரு கோணலும் கண்ணுக்குத் தெரிந்துவிடும். பெரிய மோட்டாரைப் போட்டுத் தவறை மறைக்க வழியில்லை. 1988இல் ஜப்பானின் என்எச்கே தொலைக்காட்சி தொழில்நுட்பக் கல்லூரி மாணவர்களுக்காகப் போட்டியைத் தொடங்கியபோது முதல் ஆண்டின் ஆட்டமும் பேட்டரி வண்டிப் பந்தயம்தான்.

பள்ளி மாணவர்களிடம் இதைக் கொண்டுசென்றவர் டீன் கேமன். உடலோடு மாட்டிக்கொண்டு மருந்து செலுத்தும் சிறு கருவியை உருவாக்கிய அவர், 1989இல் ஃபர்ஸ்ட் அமைப்பை நிறுவினார். வுடி ஃப்ளவர்ஸும் உடன் சேர்ந்தார். 1992இல் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தின் மான்செஸ்டர் நகரில், ஒரு பள்ளியின் உடற்பயிற்சிக் கூடத்தில் முதல் போட்டி நடந்தது. வந்தவை 28 அணிகள். களம் முழுதும் மக்காச்சோள மணிகளைப் பரப்பியிருந்தார்கள். அதில் சக்கரம் சறுக்காமல் ஓடி டென்னிஸ் பந்துகளைச் சேகரிக்க வேண்டும். மூன்று ஆண்டுகள் கழித்து, 1995இல், சாம்பியன்ஷிப் ஃப்ளோரிடாவின் எப்காட் வளாகத்துக்குப் போனது; 2004இல் அட்லாண்டாவின் பெரிய விளையாட்டரங்குக்கு.

அரங்கு பெரிதான வேகத்தில் விதிகள் தளரவில்லை. ஜனவரியில் அந்த ஆண்டின் ஆட்டத்தை அறிவிப்பார்கள். அன்றிலிருந்து ஆறு வாரம், அதற்குள் ரோபோ முடிந்தாக வேண்டியிருந்தது. எடை 120 பவுண்டு, அதாவது ஏறத்தாழ 54 கிலோ. பல ஆண்டுகளுக்கு இதுவே உச்சவரம்பாக இருந்தது. தராசில் ஏற்றிச் சில நூறு கிராம் கூடினால், அலுமினியச் சட்டத்தில் துளைமேல் துளை போட்டு எடையைக் குறைக்க வேண்டியதுதான். 2003இல் இன்னொரு வரம்பு வந்து சேர்ந்தது: ஆட்டத்தின் முதல் 15 நொடி ரிமோட்டைத் தொடக்கூடாது, எழுதிவைத்த நிரலை நம்பி ரோபோ தானே ஓட வேண்டும். அதுவரை பட்டறையின் மூலையில் இருந்த நிரல் எழுதும் மாணவர் அணியின் நடுவுக்கு வந்தார்.

ஆனாலும் 1999இல் வந்த விதியே எல்லாவற்றிலும் பெரியது. அதுவரை களத்தில் ஒவ்வோர் அணியும் தனித்தே மோதியது. அந்த ஆண்டு இரண்டு அணிகள் ஒரு கூட்டணியாக, எதிரே இரண்டு அணிகள் என்று மாற்றினார்கள்; 2005 முதல் மூன்றுக்கு மூன்று. தகுதிச் சுற்றில் யார் யாரோடு என்பதை அட்டவணை தீர்மானிக்கும். காலையில் எதிரே நின்ற அணி மாலையில் பக்கத்தில் நிற்கும். ஆகவே, அடுத்த அணியின் மோட்டார் புகைந்தால் தன் உதிரி மோட்டாரைக் கழற்றிக் கொடுப்பது பெருந்தன்மையாக மட்டும் இல்லாமல் புத்திசாலித்தனமாகவும் ஆனது. மோதும்போது முழு மூச்சாக மோது, மோதுகிறவரை மதி என்று ஃப்ளவர்ஸ் ஓயாமல் வலியுறுத்தி வந்த பண்புக்கு விதிப்புத்தகத்திலேயே இடம் கிடைத்துவிட்டது.

கூட்டணி வந்ததும் தயாரிப்பின் முகமே மாறியது. போட்டி நடக்கும்போது கேலரியைப் பார்த்தால் ஓர் அணியின் ஆறு மாணவர்கள் வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். களத்தில் ஆறு ரோபோக்கள். ஆளுக்கு ஒன்றை மட்டும் கண்கொட்டாமல் கவனித்துத் தாளிலோ டேப்லெட்டிலோ குறிப்பார்கள்: எத்தனை முறை எறிந்தது, எத்தனை உள்ளே விழுந்தது, எப்போது நின்றுபோனது. ஸ்கௌட்டிங் என்று இதற்குப் பெயர். தகுதிச் சுற்று முடிந்ததும் முன்னணி அணிகளின் தலைவர்கள் களத்துக்கு இறங்கித் தங்கள் கூட்டாளிகளைத் தேர்ந்தெடுக்க வேண்டும். பட்டியலில் எங்கோ கீழே கிடக்கும் ஓர் அணி, தடுத்தாடுவதில் கெட்டி என்று யாரோ ஒரு மாணவி குறித்துவைத்த ஒரு வரியால் இறுதிச் சுற்றுக்குள் நுழைந்துவிடும். கீழே ‘பிட்’ எனப்படும் சின்னஞ்சிறு கூடாரத்திலோ வேறு பரபரப்பு. ஆட்டத்துக்கு ஆட்டம் ஆறு கிலோ பேட்டரியை மாற்றுவார்கள். ரோபோவைச் சுற்றி மோதலைத் தாங்கும் பட்டையின் துணியை, அடுத்த ஆட்டத்தின் கூட்டணி நிறத்துக்கு ஏற்பச் சிவப்பிலிருந்து நீலத்துக்கு மாற்றுவார்கள். அந்தப் பட்டையின் உள்ளே இருப்பது, நீச்சல்குளத்தில் குழந்தைகள் பிடித்து மிதக்கும் நுரைக் குழாய்.

2004 ஜூனில் கலிபோர்னியாவின் சான்டா பார்பராவில் நடந்ததை இங்கே விரிவாகச் சொல்லியாக வேண்டும். அது வேறொரு போட்டி. நீருக்கடியில் இயங்கும் ரோபோக்களுக்கானது. அரிசோனா மாநிலத்தின் பாலைவன நகரமான ஃபீனிக்ஸின் கார்ல் ஹேடன் உயர்நிலைப் பள்ளியிலிருந்து நான்கு மாணவர்கள் வந்திருந்தார்கள். மெக்சிகோவில் பிறந்து, உரிய குடியேற்ற ஆவணங்கள் இல்லாமல் அமெரிக்காவில் வளர்ந்தவர்கள். ஆசிரியர்கள் ஃப்ரெடி லஜ்வார்டியும் ஆலன் கேமரனும் அவர்களைக் கல்லூரிகளுக்கான பிரிவிலேயே சேர்த்திருந்தனர். கையில் இருந்த பணம் சுமார் 800 டாலர். அதில் கட்டிய ரோபோ பிவிசி குழாய்களால் ஆனது. ஒட்டுப் பசையின் வாடையால் அதற்கு ‘ஸ்டிங்கி’, அதாவது நாற்றக்காரன், என்று பெயர். பயிற்சியின்போது மின்னணுப் பகுதிகள் இருந்த பெட்டிக்குள் நீர் கசிந்தது. பிரித்துக் கட்ட நேரமில்லை. சிறிய இடத்தில் நிறைய நீரை உறிஞ்சக்கூடியது எது என்று யோசித்து, கடைக்குப் போய் மாதவிடாய்க் காலத்தில் பயன்படுத்தும் டேம்பான்களை வாங்கிவந்து உள்ளே அடைத்தார்கள். ரோபோ தாக்குப்பிடித்தது. முதல் பரிசு கார்ல் ஹேடனுக்குக் கிடைத்தது. மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகம் இரண்டாவதாக வந்தது. ஃப்ளவர்ஸ் பையைக் கொடுத்துப் பழக்கிய அதே கழகம்.

இந்த வெற்றியை ஏழ்மையின் வெற்றி என்று கொண்டாடுவது தவறு. பொருள் வரம்பு அவர்களைக் கூர்மையாக்கியது உண்மை. ஆனால் போட்டி விதியில் இல்லாத ஒரு வரம்பு வெளியே காத்திருந்தது. ஆவணமற்ற மாணவர்களுக்கு அரசுக் கல்லூரிகளில் உள்மாநிலத்தவருக்கான குறைந்த கட்டணம் கிடையாது என்னும் 300ஆம் முன்மொழிவை அரிசோனா வாக்காளர்கள் 2006 நவம்பரில் நிறைவேற்றினார்கள். சான்டா பார்பராவில் கோப்பை வாங்கிய கைகளுக்குப் பொறியியல் படிப்பு இன்னும் தொலைவுக்குப் போனது.

ஆசியாவில் கதை வேறு திசையில் வளர்ந்தது. 2002இல் டோக்கியோவில் ஆசிய-பசிபிக் ஒலிபரப்பு ஒன்றியம் தொடங்கிய ரோபோகானில், போட்டியை நடத்தும் நாடு தன் மரபிலிருந்து ஆட்டத்தை எடுத்துத் தரும் வழக்கம் வேரூன்றியது. 2008இல் புனேயில் ரோபோக்கள் கோவிந்தாக்களாகி நம் உறியடியைப் போன்ற ஆட்டத்தில் வெண்ணெய்ப் பானையை எட்டின. 2010இல் கெய்ரோவில் பிரமிடு கட்டின. 2011இல் பாங்காக்கில் லோய் கிரதோங் விழாவை நிகழ்த்தின. 2022இல் புதுதில்லியில் வைத்த ஆட்டம் லகோரி, நம் தெருக்களின் ஏழு கல். ஆளின் மேல் பந்தை எறிவதற்குப் பதில், ரோபோவின் தலையில் வைத்த பந்தைத் தட்டிவிட வேண்டும். முதல் ஆண்டின் கோப்பையை ஜப்பானிலேயே வைத்து வென்றது வியட்நாமின் ஹோ சி மின் நகர அணி.

மீண்டும் அமெரிக்காவின் ஃபர்ஸ்ட் போட்டிக்கு வருவோம். அங்கே ஆறு வாரம் முடிந்ததும் ரோபோவைத் தொடக்கூடாது என்பது நெடுங்கால விதியாக இருந்தது. முன்பு மரப்பெட்டியில் அடைத்து அனுப்பிவிடுவார்கள். பிறகு பெரிய பிளாஸ்டிக் பைக்குள் வைத்து எண்ணிட்ட பூட்டு மாட்டும் முறை வந்தது. எல்லோருக்கும் ஒரே காலம் என்பதுதான் நோக்கம். நடைமுறையில் பணமுள்ள அணிகள் இரண்டாவது ரோபோ ஒன்றைக் கட்டிவைத்துப் பயிற்சியைத் தொடர்ந்தன. மற்றவர்கள் பையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சமத்துவத்துக்காக வைத்த வரம்பு ஏற்றத்தாழ்வை வளர்க்கிறது என்று உணர்ந்த அமைப்பு, 2020 பருவத்திலிருந்து அதைக் கைவிட்டது. தாமதமாக வந்தாலும் நேர்மையான திருத்தம் அது.

பை இல்லாத அந்த முதல் பருவம் மார்ச் மாதத்தில் கோவிட் பரவலால் நின்றது. அந்த ஆண்டின் சாம்பியன்ஷிப்பும் அடுத்த ஆண்டின் சாம்பியன்ஷிப்பும் நடக்கவில்லை. எந்தப் பையிலும் அடைபடாத ரோபோக்கள் பூட்டிய பள்ளிப் பட்டறைகளுக்குள் நின்றன. 2022 ஏப்ரலில் ஹூஸ்டனில் சாம்பியன்ஷிப் மீண்டும் கூடியது.