பச்சீனி கண்ட வெண்மணிகள்

மருத்துவ நூல்களைத் தமிழாக்கும்போதெல்லாம் ‘நரம்பு’ என்னும் சொல் நம்மை இடறுகின்றது. யாழின் தந்தியும் நரம்பு. தசையை எலும்போடு பிணைக்கும் நாணும் பேச்சு வழக்கில் நரம்பு. புறங்கையில் நீலமாய்ப் புடைத்து நிற்கும் இரத்தக் குழாயும் நரம்பே. கிரேக்கருக்கும் இத்தொல்லை இருந்தது. நாணுக்கு வழங்கிய ‘நியூரான்’ என்னும் சொல்லையே அவர்கள் உணர்ச்சி நரம்புக்கும் வழங்கினர்.

நாம் இங்குக் கருதுவது விரல்களின் உணர்ச்சி நரம்புகளை. ஒவ்வொரு விரலிலும் உள்ளங்கைப் பக்கமாக, இரு விளிம்பையும் ஒட்டி, இரண்டு நரம்புகள் ஓடுகின்றன. பெருவிரல் முதல் மோதிர விரலின் பாதி வரை ஒரு பெருநரம்பின் ஆட்சி. மறு பாதியும் சிறுவிரலும் முழங்கையின் பின்புறமாக வரும் மற்றொன்றின் ஆட்சி. ஒரே விரல் இரண்டு ஆட்சிக்கு உட்பட்டிருப்பது, பிற மாநிலங்களில் வாழும் நமக்கு வியப்பளிக்காது!

1831-ஆம் ஆண்டில், இத்தாலியின் பிஸ்டோயா நகரில், பிலிப்போ பச்சீனி என்னும் 19 வயது மாணவர் ஒரு பிணத்தின் கையை அறுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். செருப்புத் தைப்பவரின் மகன் அவர். விரல் நரம்புகளை ஒட்டிச் சிறு வெண்மணிகள் கொத்தாக இருப்பதைக் கண்டார். ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் நீளமுள்ள அவை வெறுங்கண்ணுக்கே தெரிவன. ஜெர்மனியில் வாட்டர் என்பவரின் கூடத்தில் 1741-இலேயே இவை காணப்பட்டதுண்டு. ஆயினும் அக்குறிப்பு மறக்கப்பட்டுக் கிடந்தது. பச்சீனி விடவில்லை. நுண்ணோக்கியின் கீழ் வைத்து ஆராய்ந்தார். 1835-இல் பிளாரன்ஸ் மருத்துவச் சங்கத்தில் எடுத்துரைத்தார். கேட்டோர் பெரிதாகக் கருதவில்லை. 1840-இல் நூலாக வெளியிட்டார். 1844-இல் ஹென்லே, கோலிக்கர் என்னும் அறிஞர் இருவர் சூரிச் நகரில் வெளியிட்ட நூலில் அவற்றுக்குப் பச்சீனியின் பெயரையே சூட்டினர். அயலார் தந்த புகழ் அது.

வெங்காயத்தைப் போல் தோலுக்குள் தோலாக அமைந்த அம்மணியின் நடுவே நரம்பின் நுனி இருக்கின்றது. நிலையான அழுத்தத்தை அடுக்குகள் தணித்துவிடுகின்றன. அதிர்வை மட்டும் உள்ளே விடுகின்றன. 1960-களில் லோவன்ஸ்டைன் முதலியோர் அடுக்குகளை உரித்துப் பார்த்து இதனைத் தெளிவாக்கினர். எழுதுகோலின் முனை தாளில் உரசுவது நம் விரலுக்குத் தெரிவது இம்மணிகளால்தான்.

பச்சீனிக்கு இன்னொரு வழக்கும் உண்டு. 1854-இல் பிளாரன்ஸில் வாந்திபேதி பரவியபோது, இறந்தோர் குடலில் அந்நோயின் கிருமியை அவர் கண்டு எழுதினார். மருத்துவ உலகம் செவிசாய்க்கவில்லை. 1883-இல் அவர் மறைந்தார். அடுத்த ஆண்டு கல்கத்தாவில் ராபர்ட் கோக் அக்கிருமியைத் தனியே வளர்த்துக் காட்டிப் பெரும்புகழ் எய்தினார். கோக்கின் திறமை மறுக்கற்பாலதன்று. எனினும் முதலிற் கண்டவருக்கு நீதி கிடைக்க 1965 வரை ஆயிற்று. அவ்வாண்டுதான் கிருமியின் முறையான பெயரோடு ‘பச்சீனி, 1854’ என்பதை அனைத்துலகக் குழு சேர்த்தது.

விரல் மணிகளின் கதையோ மீண்டும் சூரிச்சுக்கே சென்றது. 7 டெஸ்லா வலிமையுள்ள காந்தப் படக் கருவியால் உயிருள்ளோரின் கைகளைப் படமெடுத்து, இம்மணிகள் எங்கெங்கே உள்ளன என்று அந்நகர மருத்துவர்கள் கணக்கிட்டு, 2021-இல் வெளியிட்டனர். பிணத்தை அறுத்து பச்சீனி கண்டதை, கத்தியின்றி, ஊசியுமின்றி அவர்கள் கண்டனர்.