வேங்கட எல்லையில் கார்த்திகை: ஒரு முழுநிலா, இரு மாதங்கள்

தாய்லாந்தில் ஆண்டுதோறும் பெரும்பாலும் நவம்பர்த் திங்களில் வரும் முழுநிலா இரவில், வாழைத்தண்டு வில்லையின்மேல் இலை மடித்துப் பூவும் ஊதுவத்தியும் மெழுகுவத்தியும் வைத்து ஆற்றில் மிதக்கவிடுவர். 'லோய் கிரதோங்' என்பது இவ்விழாவின் பெயர். தமிழில் இதனைப் பெயர்க்கப் புகுவோர்க்கு முதலில் நினைவில் எழுவது 'கார்த்திகை தீபம்' என்னும் தொடராகும். பருவமும் ஒத்திருக்கிறது, விளக்கும் இருக்கிறது. எனினும் தமிழும் தெலுங்கும் ஒரே தெருவில் வழங்கும் சித்தூர், திருப்பதி வட்டாரத்தில் இப்பெயர்ப்பு உடனே தடைபடுகிறது. எந்தக் கார்த்திகை என்னும் வினா அங்கே எழுகிறது.

வேங்கடத்தைத் தமிழின் வட எல்லையாகத் தொல்காப்பியப் பாயிரம் கூறுகிறது. திருமலை, திருப்பதி, திருச்சானூர்க் கோயில்களின் கல்வெட்டுகளுள் பெரும்பாலானவை தமிழில் அமைந்தவை. விளக்கெரிக்கப் பொன்னும் நிலமும் அளித்த செய்திகள் அவற்றுள் பல. 1911இல் உருவான சித்தூர் மாவட்டம் 1953இல் ஆந்திர மாநிலத்தில் அமைந்தது. 1960இல் திருத்தணிப் பகுதி சென்னை மாநிலத்துடன் சேர்ந்தது. 2022இல் திருப்பதி தனி மாவட்டமாயிற்று. ஆட்சி எல்லைகள் இவ்வாறு நகர்ந்தபோதும் இரு மொழியினரும் அருகருகே வாழ்ந்து வருகின்றனர். ஒரே சுவரில் இருவகை நாட்காட்டிகள் தொங்கும் வீடுகளும் உண்டு. அவை இரண்டும் 'கார்த்திகை'யை ஒரே நாளில் காட்டுவதில்லை.

2024ஆம் ஆண்டு இதற்குத் தெளிவான சான்று. அவ்வாண்டு நவம்பர் 15ஆம் நாள் முழுநிலா. தெலுங்கு வழக்கில் அமாவாசைக்கு மறுநாள் மாதம் பிறக்கும். எனவே தீபாவளி அமாவாசையை அடுத்துத் தொடங்கிய கார்த்திக மாதத்தின் பௌர்ணமி அது. தெலுங்கு வீடுகளில் ஆண்டின் நாளெல்லாம் கணக்கில் அடங்க 365 திரிகளைக் கட்டி ஏற்றும் நாளும் அதுவே. தமிழ் நாட்காட்டியிலோ அன்று ஐப்பசி இன்னும் முடியவில்லை. சைவக் கோயில்களில் அன்னாபிடேகம் நிகழும் ஐப்பசிப் பௌர்ணமியாகவே தமிழர் அதனைக் கொண்டனர். கதிரவன் விருச்சிகத்தில் புகும் கார்த்திகை மாதம் மறுநாளே பிறந்தது. திருவண்ணாமலையில் தீபம் ஏற்றப்பட்டது டிசம்பர் 13ஆம் நாள். கார்த்திகை விண்மீன் கூடிய அந்நாளில் நிலவு நிறைய இன்னும் இரு நாள் இருந்தது. அவ்வாண்டு தாய்லாந்தில் விளக்குகள் மிதந்ததோ நவம்பர் 15இல். ஆனால் 2023இல் திருவண்ணாமலைத் தீபம் நவம்பர் 26ஆம் நாளும் தாய்லாந்து விழா மறுநாளும் வந்தன. ஓராண்டை மட்டும் நோக்கியவர் இரண்டும் ஒன்றே என எழுதிவிடக்கூடும். அடுத்த ஆண்டு அவரது தொடர் பொய்த்துப்போகும்.

இப்பிணக்கின் வேர் சொல்லிலேயே உள்ளது. தெலுங்கில் விண்மீனின் பெயர் 'கிருத்திக'. மாதத்தின் பெயர் 'கார்த்திக' அல்லது நெடிலுடன் 'கார்த்தீக'. கிருத்திகையில் நிலவு நிறையும் மாதம் கார்த்திகம் என்னும் வடமொழி ஆக்கம் அங்கே உருவிலும் பொருளிலும் பிரிந்து நிற்கிறது. தமிழில் 'கார்த்திகை' என்னும் ஒரே வடிவம் விண்மீனையும் மாதத்தையும் விழாவையும் சுட்டும். ஆதலின் தெலுங்கின் 'கார்த்திக பௌர்ணமி'யைத் 'திருக்கார்த்திகை' எனப் பெயர்ப்பது ஒலியொப்புமையால் நேரும் பிழை. ஒலி வேறுபட்டிருந்தால் மொழிபெயர்ப்பாளர் ஒருகால் விழிப்புற்றிருப்பர்.

மாதப்பெயரின் துணையின்றியே இவ்விழாவைக் குறிக்கும் முறை பழந்தமிழில் இருந்தது என்பது ஈண்டுக் கருதத்தக்கது. நக்கீரர் பாடிய அகநானூற்று 141ஆம் பாட்டு, நிறைமதி அறுமீனைச் சேரும் நள்ளிரவில் மறுகுதோறும் விளக்கேற்றி மாலை தொங்கவிடும் விழாவைக் கூறுகிறது. மதியும் மீனும் கூடும் கூட்டமே அங்குக் காலக்குறி, மாதப்பெயர் இல்லை. அவ்விழாவைத் தன்னுடன் அயரத் தலைவன் வரவேண்டும் என விழைகிறாள் தலைவி. அவன் சென்றிருப்பதோ வேங்கடப் பகுதியின் சுரம் கடந்து. விளக்கு விழாவின் மிகப் பழைய தமிழ்ச் சான்றுகளுள் ஒன்றில் வேங்கடமும் இடம்பெறுவது இவ்வட்டார ஆய்வாளர்க்கு மகிழ்வூட்டும் செய்தி. ஆயின் அப்பாட்டின் விளக்கு தெருவில் எரிகிறது, நீரில் அன்று.

நீரில் விடும் விளக்குக்கு இவ்வட்டாரத்தில் தெலுங்கு மரபே பெரிதும் உரியது. கார்த்திக மாதத்தில் ஆற்றிலும் கோயிற் குளத்திலும் வாழைப்பட்டையில் அகல் வைத்து விடுவர். அப்பட்டைக் கலத்தைத் தெலுங்கில் 'அரட்டி தொப்ப' என்பர். மாதம் முடிந்து மார்கழிச் சுக்கிலப் பிரதமையில் வரும் 'போலி சுவர்க்கம்' இதன் நிறைவு நாள். மாமியாரும் ஓரகத்திகளும் ஆற்றுக்குப் போய்விட, வீட்டில் விடப்பட்ட போலி என்னும் இளைய மருமகள் மத்தில் ஒட்டிய வெண்ணெயையும் உதிர்ந்த பஞ்சையும் கொண்டு விளக்கேற்றி உடலோடு விண்ணேகிய கதை அன்று சொல்லப்படும். அது நிலவே இல்லாத நாளை அடுத்து வரும் விடியல். தமிழர் காவிரியில் விளக்கு விடும் ஆடிப்பெருக்கோ ஞாயிற்றின் கணக்கில் ஆடி 18ஆம் நாள். ஆகவே மிதக்கும் விளக்கு முழுநிலாவுக்கே உரியது என்று கொள்வதற்கில்லை.

'தெப்பம்' என்னும் சொல்லும் மயக்கம் தரவல்லது. திருமலைச் சுவாமி புட்கரணியில் பங்குனிப் பௌர்ணமியோடு நிறைவுறும் 5 நாள் தெப்போற்சவத்தில் முதல் நாள் இராமரும் மறுநாள் கண்ணனும் ஏனைய 3 நாள்களில் மலையப்பரும் உலா வருவர். இதனைத் தெலுங்கில் 'தெப்ப திருநாள்ளு' என வழங்குவதும் உண்டு. தமிழின் 'திருநாள்' தெலுங்குப் பன்மை விகுதி பெற்று வாழ்வதை இதிற் காணலாம். தெப்பத்தில் இறைவன் ஏறுகிறான், ஏறியவன் கரைக்கு மீள்கிறான். கிரதோங் மீள்வதில்லை, மீளாமையே அதன் பொருள். எனவே கிரதோங்கைத் 'தெப்பம்' என்பது பொருந்தாது. 'கிரதோங்' இலையாற் செய்த கலத்தைக் குறிப்பது. தமிழின் 'தொன்னை' அதற்கு நெருங்கிய சொல். சித்தூர்த் தெலுங்கர் 'தொப்ப' என்றால் உடனே விளங்கிக்கொள்வர்.

'பன்னிரண்டாம் மாத முழுநிலா' என்பதே தாய்லாந்து வழக்கு. வடபகுதியான சியாங் மாயில் அதே இரவின் பெயர் 'யீ பெங்'. 'யீ' இரண்டு, 'பெங்' முழுநிலா. லன்னா நாட்டுக் கணக்கில் அது இரண்டாம் மாதம். ஒரே நிலவு ஒரு நாட்டுக்குள் 12ஆம் மாதத்ததாகவும் 2ஆம் மாதத்ததாகவும் எண்ணப்படுவது, திருப்பதியில் அது ஐப்பசியாகவும் கார்த்திகமாகவும் எண்ணப்படுவதற்கு ஒத்த நிலையாகும்.

இவ்விழா பிராமணச் சடங்கிலிருந்து பௌத்தர் ஏற்றது என மன்னர் நான்காம் இராமா 1863இல் எழுதினார். சுகோதய அரசவை மகளிர் நோபமாசு முதல் கிரதோங்கைச் செய்தார் என்னும் கதை அமைந்த நூலைப் பிற்காலத்ததாகவே வரலாற்றறிஞர் மதிப்பர். கங்கைத் தாயிடம் பிழைபொறுக்க வேண்டும் வழக்கம் இந்தியத் தொடர்பைக் காட்டுவது மெய்தான். அதற்காக விழாவையே தமிழகத்து ஏற்றுமதி என்பது மிகை. தாய்லாந்தில் தமிழின் தடம் உறுதியாகத் தெரியும் இடங்கள் வேறு: தக்குவாபாவில் கிடைத்த 9ஆம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டு மணிக்கிராமத்தார் காவலில் விடப்பட்ட ஒரு குளத்தைக் கூறுகிறது, பாங்காக்கு அரசவைப் பிராமணரின் சடங்கில் திருவெம்பாவை, திருப்பாவை மரபு ஒலிதிரிந்து நிலைத்தது. அவற்றோடு விளக்கைக் கட்டிவிடச் சான்று இல்லை.

எஞ்சுவது 'லோய்' என்னும் வினை. மிதத்தல், மிதக்கவிடுதல் என்னும் பொருளோடு, தீவினையை நீரோடு போக்குதல் என்னும் பொருளிலும் அது வழங்கும். விளக்கு விடுதலைக் குறிக்கத் தெலுங்கர் ஆளும் 'வதலு' என்பதிலும் கைவிடுதல் என்னும் பொருள் உண்டு. தமிழில் 'விடு' இவ்விரண்டையும் தாங்கும். 'மிதவை விளக்குத் திருவிழா' என்னும் பெயர்த்தொடரில் அவ்வினை மறைந்துவிடுகிறது. 'தொன்னை விளக்கு விடும் விழா' என்பதில் அது நிற்கிறது.