குற்ற எண்ணும் தீர்ப்பும்: செங்கல்பட்டு மாவட்டத்தில் குற்ற ஆவணங்களைத் தேடுதல்

‘கேடி’ என்ற சொல்லைக் கேட்பவர் அதைக் ‘கேடு’ என்ற வேரோடு சேர்த்துக்கொள்வது இயல்பு. ஆனால் அது காவல் நிலைய ஏட்டிலிருந்து தெருவுக்கு இறங்கிய சொல். அறியப்பட்ட கொள்ளையர் என்று பொருள்படும் ‘நோன் டெப்ரடேட்டர்’ என்ற ஆங்கிலத் தொடரைக் காலனியக் காவல் துறை கே.டி. என்று சுருக்கி எழுதியது. எழுத்தரின் சுருக்கக் குறி ஊர் வாயில் மனிதருக்குப் பட்டப் பெயராகி, இன்றைக்கும் பள்ளிக்கூடத்துப் பிள்ளையைத் திட்டுவதற்குக்கூடப் பயன்படுகிறது. யாரைப் பற்றி, யார், எந்தச் சான்றின் மேல் அந்த ஏட்டில் எழுதினார்கள் என்பது மட்டும் சொல்லோடு கூட வரவில்லை.

உள்ளூர்க் குற்ற வரலாற்றைத் தேடும் ஆய்வாளர், இதழாளர், வீட்டு உரிமையாளர், வேலைக்கு ஆள் எடுப்பவர் எல்லோருமே பெரும்பாலும் இந்த இடத்தில்தான் வழுக்குகிறார்கள். ஒருவரது ‘குற்ற வரலாறு’ எங்கோ ஒரு கோப்பில் முழுதாக இருக்கிறது, அதை எடுத்துப் பார்த்தால் போதும் என்று எண்ணுகிறார்கள். அப்படி ஒரு கோப்பு கிடையாது. காவல் நிலையத்தில் புகாரின் பதிவு இருக்கிறது. அதே நிலையத்தின் உள்ளறையில் கண்காணிப்பின் பதிவு இருக்கிறது. நீதிமன்றத்தில் தீர்ப்பு இருக்கிறது. இம்மூன்றும் வெவ்வேறு நோக்கத்துக்காக, வெவ்வேறு கைகளால் எழுதப்பட்டவை. இவற்றுள் தீர்ப்புக்கு மட்டுமே ஒருவரது வரலாறு என்ற பெயர் பொருந்தும். மற்ற இரண்டும் தீர்ப்பைத் தேடிப் போவதற்கான தடயங்கள் என்பதே இக்கட்டுரையின் வாதம். செங்கல்பட்டு மாவட்டத்தையும் மாமல்லபுரக் கடற்கரையையும் எடுத்துக்கொண்டதற்குக் காரணம், எல்லைகள் அடிக்கடி மாறிய இம்மண்ணில் அந்தத் தடயங்கள் எளிதில் அறுந்துபோகின்றன என்பது.

எல்லைகளின் கதையை முதலில் சொல்ல வேண்டும். பழைய செங்கல்பட்டு மாவட்டம் 1997 ஜூலை 1 அன்று காஞ்சிபுரம், திருவள்ளூர் என்று இரண்டானது. செங்கல்பட்டு என்ற மாவட்டப் பெயரே இருபத்திரண்டு ஆண்டுகள் இல்லாமல் இருந்து, 2019 நவம்பர் 29 அன்று காஞ்சிபுரத்திலிருந்து பிரிந்து திரும்பி வந்தது. 2022 தொடக்கத்தில் தாம்பரம் காவல் ஆணையரகம் செயல்படத் தொடங்கியபோது மாவட்டத்தின் வடபகுதிக் காவல் நிலையங்கள் அதற்குப் போயின. கேளம்பாக்கத்தை எடுத்துக்கொள்ளுங்கள்: சுமார் இரண்டே ஆண்டு இடைவெளியில் அந்த நிலையம் காஞ்சிபுரம் மாவட்டக் காவல், செங்கல்பட்டு மாவட்டக் காவல், தாம்பரம் ஆணையரகம் என்று மூன்று தலைமைகளைக் கண்டுவிட்டது. அதற்குத் தெற்கே கிழக்குக் கடற்கரைச் சாலையில் இருக்கும் மாமல்லபுரம் இன்றும் மாவட்டக் கண்காணிப்பாளரின் கீழ்தான். ஆகவே 2018இல் கேளம்பாக்கத்தில் பதிவான குற்ற எண்ணை இன்றைய மாவட்டப் பெயரை வைத்துத் தேடுபவருக்கு எதுவும் கிடைக்காமல் போகலாம். கிடைக்கவில்லை என்பதை ‘வழக்கே இல்லை’ என்று எழுதிவிடுவது இந்த ஆய்வில் நிகழும் முதல் பிழை.

நீதிமன்றத்தின் நிலைமை இதற்கு நேர்மாறு. காஞ்சிபுரம் மாவட்டத் தலைநகராக இருந்த ஆண்டுகளிலும் முதன்மை மாவட்ட, செஷன்ஸ் நீதிமன்றம் செங்கல்பட்டிலேயே இருந்தது. ஆட்சியர் அலுவலகம் இடம் மாறியது, நீதிமன்றம் மாறவில்லை. பழைய கொலை வழக்கையோ கொள்ளை வழக்கையோ தேடுபவர் காவல் நிலையத்தைவிட நீதிமன்றத்தை நம்பி நடப்பதற்கு இதுவே நடைமுறைக் காரணம்.

இனித் தேடும் வழி. 2016 செப்டம்பர் 7 அன்று யூத் பார் அசோசியேஷன் வழக்கில் உச்ச நீதிமன்றம், முதல் தகவல் அறிக்கைகளை (எஃப்.ஐ.ஆர்.) இருபத்து நான்கு மணி நேரத்துக்குள் இணையத்தில் ஏற்ற வேண்டும் என்றது. பாலியல் குற்றம், பயங்கரவாதம், குழந்தைகள் மீதான குற்றம் போன்றவற்றுக்கு விலக்கு உண்டு. தமிழ்நாடு காவல் துறையின் குடிமக்கள் சேவைத் தளத்தில் மாவட்டம், நிலையம், ஆண்டு, குற்ற எண் கொடுத்து எஃப்.ஐ.ஆரைப் பார்க்கலாம். ஆனால் நம் ஊரில் நிலையத்துக்குப் போகும் மனு எல்லாம் எஃப்.ஐ.ஆர். ஆவதில்லை. சி.எஸ்.ஆர். என்ற மனு ரசீதோடு பேசித் தீர்ந்துபோகும் தகராறுகள் ஏராளம். எஃப்.ஐ.ஆர். ஆன பிறகும் ‘தகவல் பிழை’ என்று முடித்துவிடப்படும் வழக்குகள் உண்டு. குற்றப்பத்திரிகையை இணையத்தில் தேடிப் பயனில்லை; அது பொது ஆவணம் அல்ல என்று 2023 ஜனவரி 20 அன்று சௌரவ் தாஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. இதன் விளைவைக் கவனியுங்கள். ஒரு வழக்கின் தொடக்கம் எவர் கைக்கும் எட்டும் இடத்தில் கிடக்கிறது. நடுப்பகுதி மூடியிருக்கிறது. முடிவைப் படிக்க முயற்சி தேவைப்படுகிறது. ஆகவே பலர் தொடக்கத்தோடு நின்றுவிடுகிறார்கள்.

அந்த முயற்சி பெரிதல்ல. இ-கோர்ட்ஸ் தளத்தில் காவல் நிலையத்தின் பெயரும் குற்ற எண்ணும் ஆண்டும் கொடுத்தால், அது நீதித்துறை நடுவர் மன்றத்தில் எந்தக் காலண்டர் வழக்காகவோ செஷன்ஸ் மன்றத்தில் எந்த செஷன்ஸ் வழக்காகவோ ஆனது என்பதைக் காணலாம். பதினாறு இலக்க சி.என்.ஆர். எண் கையில் கிடைத்துவிட்டால் அதன் பிறகு அந்த ஒற்றை எண்ணே போதும். தீர்ப்பு இணையத்தில் இல்லையென்றால் நகல் மனு போட வேண்டும். வழக்கில் தொடர்பில்லாதவரும் உயர் நீதிமன்ற விதிகளுக்கு உட்பட்டுக் கட்டணம் செலுத்தித் தீர்ப்பின் நகல் பெற, பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 363ஆம் பிரிவு வழி வைத்திருந்தது. 2024 ஜூலை 1 முதல் அதன் இடத்துக்கு வந்துள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவிலும் 404ஆம் பிரிவாக அது தொடர்கிறது.

பெயரை வைத்துத் தேடுவதைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் மிகப் பெரிய அநியாயம் இங்கேதான் நடக்கிறது. இந்தத் தளங்கள் குடும்பப் பெயர் உள்ள சமூகங்களுக்குப் பொருந்தும் வகையில் அமைந்தவை. நமக்குக் குடும்பப் பெயர் இல்லை. தந்தை பெயரின் முதலெழுத்துத்தான் உண்டு. திருக்கழுக்குன்றம் வட்டத்தில் முருகனும் செல்வமும் குமாரும் எத்தனை பேர்! ஒரே பெயரை ஒரு ரைட்டர் ஆங்கிலத்தில் ஒரு விதமாகவும் அடுத்தவர் வேறு விதமாகவும் எழுதுவார். முதலெழுத்து சில சமயம் முன்னால் வரும், சில சமயம் பின்னால் வரும், சில சமயம் வராமலே போகும். தந்தை பெயர், வயது, ஊர் மூன்றும் ஒத்துவராத எந்தப் பெயர்ப் பொருத்தத்தையும் ஆய்வாளர் ஏற்கக் கூடாது. வாடகைக்கு வீடு கேட்டு வந்தவரின் பெயரைத் தட்டிப் பார்த்துவிட்டு வேறொருவரின் வழக்கை அவர் தலையில் ஏற்றுவது, அவருக்குத் தெரியாமலே அவரைத் தண்டிப்பது. அப்படி ஐயம் இருப்பவருக்குக் காவல் துறையின் இணையவழிச் சரிபார்ப்புச் சேவை இருக்கிறது. அதில் விண்ணப்பிப்பதே முறை.

தீர்ப்பைத் தேடிப் போகும் பாதை எவ்வளவு வளையும் என்பதற்குச் சங்கரராமன் கொலை வழக்கு சான்று. 2004 செப்டம்பர் 3 அன்று காஞ்சிபுரம் வரதராஜப் பெருமாள் கோயில் வளாகத்தில் கொலை நடந்தது. வழக்கு செங்கல்பட்டு செஷன்ஸ் நீதிமன்றத்துக்கு வந்தது. 2005 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் அதைப் புதுச்சேரிக்கு மாற்றியது. 2013 நவம்பர் 27 அன்று புதுச்சேரி நீதிமன்றம் குற்றம் சாட்டப்பட்ட எல்லோரையும் விடுவித்தது. காஞ்சிபுரத்தில் தொடங்கிய காகிதம் இரண்டு நீதிமன்றங்களையும் ஒரு மாநில எல்லையையும் கடந்து முடிந்திருக்கிறது. 2004ஆம் ஆண்டின் நாளிதழ்க் கட்டுகளை மட்டும் புரட்டுபவர் ஒரு கதையைப் படிப்பார். தீர்ப்பு நகலையும் சேர்த்துப் படிப்பவர் வேறொன்றைப் படிப்பார். நாடறிந்த வழக்குக்கே இந்த நிலை என்றால், மாமல்லபுரம் பேருந்து நிலையத்தில் நடந்த ஒரு செல்போன் திருட்டு வழக்கு எங்கே போய் முடிந்தது என்று யார் தேடுவார்கள்?

இங்கே ஒரு மறுப்பு எழும். தீர்ப்பு மட்டும் உண்மையா? சாட்சி பிறழ்ந்து, பணம் பாய்ந்து தப்பியவர்கள் இல்லையா? இருக்கிறார்கள். தமிழ்நாட்டுக் காவலர் பணி விதிகளே சந்தேகத்தின் பலனால் விடுதலையானவரையும் சாட்சி பிறழ்ந்ததால் விடுதலையானவரையும் வழக்கில் தொடர்புடையவராகவே எடுத்துக்கொள்கின்றன. அந்த மறுப்பின் வலுவை ஏற்கிறேன். ஆனால் அந்த வேறுபாட்டை அறியவும் தீர்ப்பின் கடைசிப் பத்திகளைத்தான் படிக்க வேண்டும், எஃப்.ஐ.ஆர். அதைச் சொல்லாது. எஃப்.ஐ.ஆர். பயனற்றது என்பதும் என் கருத்தன்று. எந்த ஊரில் எந்தப் புகார் பதிவானது, எது பதிவாக நாளானது, யார் பெயர் முதலில் எழுதப்பட்டது என்பவற்றை அது காட்டும். காவல் நிலையம் எப்படி இயங்குகிறது என்பதற்கு அது அரிய சான்று. குற்றம் சாட்டப்பட்டவரின் நடத்தைக்கு அதைச் சான்றாக நிறுத்துவதுதான் தவறு. தேர்தலில் நிற்பவர் மட்டும் இதற்கு விலக்கு. நிலுவை வழக்குகளை வேட்பாளர் பிரமாணப் பத்திரத்தில் சொல்ல வேண்டும் என்று 2002இலும், நாளிதழில் விளம்பரம் செய்ய வேண்டும் என்று 2018இலும் உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது. அதிகாரம் கேட்பவரிடம் அதைக் கேட்பது முறையே.

கண்காணிப்புப் பதிவேடு இன்னும் கூர்மையான சிக்கல். நாளிதழ்கள் ‘சரித்திரப் பதிவேடு குற்றவாளி’ என்று சர்வசாதாரணமாக எழுதுகின்றன. அந்தப் பதிவேட்டை எழுதுவது நீதிபதி அல்லர். காவல் நிலை ஆணைகளின்படி காவல் அதிகாரிகளே திறந்து, அவர்களே நீட்டிக்கும் ஏடு அது. 2024 மே 7 அன்று அமானத்துல்லா கான் வழக்கில் உச்ச நீதிமன்றம், இது காவல் துறையின் உள் ஆவணம், பொதுமக்கள் பார்வைக்கு உரியதன்று என்று தெளிவாக்கியது. பிள்ளைகளின் விவரங்கள் அதில் இடம்பெறக் கூடாது, பின்தங்கிய நிலையில் உள்ள சமூகத்தவரின் பெயரை இயந்திரம்போல ஏற்றக் கூடாது என்றும் எச்சரித்தது. ஆகவே ஆய்வாளர் நட்பின் பேரில் ஓர் ஏட்டையாவிடம் அந்தத் தாளைக் காட்டச் சொல்லிக் கேட்பது முறையன்று. கிடைத்தாலும் மேற்கோள் காட்டத் தகாது.

அந்த எச்சரிக்கைக்குப் பின்னால் நெடிய வரலாறு உண்டு. 1871இன் குற்றப் பரம்பரைச் சட்டம் 1911 திருத்தத்தால் சென்னை மாகாணத்துக்கு வந்து, 1924இல் மேலும் இறுகியது. பிறப்பையே குற்ற வரலாறாக எழுதிய சட்டம் அது. 1947இல் சென்னை மாகாணம் அதை நீக்கியது. மறு ஆண்டே வழக்கமான குற்றவாளிகளுக்கான சட்டம் வந்தது. குழுவின் பெயர் போய்த் தனிமனிதரின் பெயர் வந்தது. சிறைப் பதிவேடுகளில் சாதிப் பத்தியை நீக்கும்படி 2024 அக்டோபர் 3 அன்றுதான் உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது.

மாமல்லபுரக் கடற்கரையில் மாசி மகத்தன்று நிலவொளியில் கூடி, மணலில் கன்னியம்மனுக்குப் படையலிட்டு, திருமணமும் முடித்துச் செல்லும் இருளர்களை இந்த மாவட்டத்தார் எல்லோரும் அறிவார்கள். பாம்பு பிடித்துத் தோல் விற்பது அவர்கள் பிழைப்பாக இருந்தது. 1972இன் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும் 1976இல் வந்த தோல் ஏற்றுமதித் தடையும் அதைக் குற்றமாக்கின. 1978இல் வடநெம்மேலியில் இருளர் பாம்பு பிடிப்போர் தொழிற் கூட்டுறவுச் சங்கம் தொடங்கி, உரிமம் பெற்று நஞ்செடுக்கும் வேலை அமைந்தபோது அதே கைகளின் அதே திறமை நாட்டுக்கு மருந்தாயிற்று. சட்டம் மாறிய அந்தச் சில ஆண்டுகளில் பதிவான ஒரு வழக்கை இன்று எடுத்து ‘குற்ற முன்வரலாறு’ என்று எழுதுவது எவ்வளவு கொடுமை! எந்த ஆண்டில் எது குற்றமாக இருந்தது என்று பார்க்காமல் எந்தப் பதிவையும் படிக்க முடியாது.

இதற்கு மறுபக்கம், பதிவே இல்லாத இடங்கள். கடலோரக் குப்பங்களில் வலைத் தகராறும் அடிதடியும் ஊர்ப் பஞ்சாயத்திலேயே தீர்வதுண்டு. எண்ணிக்கை குறைவாக உள்ள ஊரை அமைதியான ஊர் என்றும், அதிகமாக உள்ள ஊரைக் கெட்ட ஊர் என்றும் பதிவேட்டை வைத்துச் சொல்ல முடியாது.

பழங்காலத்துக்குப் போகிறவருக்கு எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகம் இருக்கிறது. செங்கல்பட்டு ஆட்சியரகத்தின் பழைய ஆவணங்களையும் நீதித்துறை அரசாணைகளையும் அங்கே தேட வேண்டும். இடைப்பட்ட காலத்துக்குத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 8(3) பிரிவு உதவும். இருபது ஆண்டு கடந்த நிகழ்வுகளுக்கு, விசாரணை பாதிக்கும், அந்தரங்கம் பாதிக்கும் என்ற விலக்குகளைக் காட்டி மறுக்க முடியாது. இந்தப் பிரிவை நம் வரலாற்று மாணவர்கள் இன்னும் போதிய அளவு பயன்படுத்தவில்லை. ஆனால் தாமதிக்கக் கூடாது. முடிந்த வழக்குகளின் கட்டுகள் குறித்த ஆண்டுகளுக்குப் பின் விதிப்படி அழிக்கப்படுகின்றன. இன்னொரு பக்கம், 2022இன் குற்றவியல் நடைமுறை அடையாளச் சட்டம் கைரேகை முதலிய அளவுகளை 75 ஆண்டுகள் வைத்திருக்கச் சொல்கிறது. விரல் ரேகை முக்கால் நூற்றாண்டு நிலைக்கும். அந்த ரேகைக்கு உரியவரை விடுவித்த தீர்ப்போடு இருந்த சாட்சியம் அதற்குள் எரிந்துபோயிருக்கலாம். விடுதலையானவரின் அளவுகளை அழிக்கச் சட்டத்தில் இடமுண்டு என்பதைப் பலர் அறியார்.

தீர்ப்பே வரலாறு என்ற என் வாதத்துக்கும் ஓர் எல்லை உண்டு. மேல்முறையீட்டில் விடுதலையான ஒருவர், இணையத்தில் கிடைக்கும் தீர்ப்பில் தன் பெயரை மறைக்கக் கேட்டார். 2021 ஆகஸ்டில் சென்னை உயர் நீதிமன்றத்தின் ஒரு நீதிபதி மறுத்தார். 2024 பிப்ரவரியில் இரு நீதிபதிகள் அமர்வு ஏற்றது. அதே ஆண்டு ஜூலையில் உச்ச நீதிமன்றம் அதற்குத் தடை விதித்தது. நீதிமன்றம் திறந்திருக்க வேண்டும். விடுதலையானவரும் நிம்மதியாக வாழ வேண்டும். இவ்விரண்டும் மோதும் இடத்தில், ஆய்வாளரின் தேவைக்குப் பெரும்பாலும் பெயர் அவசியமில்லை. குற்ற எண்ணும் வழக்கு எண்ணும் போதும். பெயரின்றி எழுதுவதை நம் ஆய்விதழ்கள் இப்போதே வழக்கமாக்கலாம்.

செங்கல்பட்டு நீதித்துறையிடமும் காவல் துறையிடமும் ஒரு வேண்டுகோள். 1997, 2019, 2022 ஆகிய மூன்று எல்லை மாற்றங்களிலும் எந்தக் காவல் நிலையம் எந்தத் தலைமைக்கும் எந்த நடுவர் மன்றத்துக்கும் போனது என்பதைக் காட்டும் ஓர் அட்டவணையைத் தமிழில் வெளியிடுங்கள். எஃப்.ஐ.ஆர். காட்டும் இணையப் பக்கத்திலேயே, அந்தக் குற்ற எண்ணுக்கு எதிரே, வழக்கின் முடிவை ஒரு வரியில் சேருங்கள்.