புனேயின் லயமும் இதயத் துடிப்பும்

நாதம் எழும் இடம் இதயம் என்று எழுதிவைத்தவர்களில் ஒருவர் மராட்டிய மண்ணில் வாழ்ந்த அரசுக் கணக்கர். 13-ஆம் நூற்றாண்டில் தேவகிரி யாதவ அரசன் சிங்கணனிடம் தலைமைக் கணக்கராக இருந்த சார்ங்கதேவர், காசுமீரத்திலிருந்து தெற்கே குடியேறிய குடும்பத்தில் வந்தவர்; மருத்துவமும் கற்றவர். அவருடைய 'சங்கீத ரத்னாகரம்' சுரங்களைப் பேசுவதற்கு முன்பே, கருவில் மனித உடல் உருவாகும் விதத்தைப் பேசுகிறது. மந்திர ஸ்தாயி நெஞ்சிலும், மத்திய ஸ்தாயி தொண்டையிலும், தார ஸ்தாயி தலையிலும் பிறக்கின்றன என்கிறது அது. இதயத்தோடு சேர்ந்த 22 நாடிகளில் காற்று மோதும்போது 22 சுருதிகள் ஒன்றைவிட ஒன்று உயர்ந்து ஒலிக்கின்றன என்பது அவர் தந்த விளக்கம். இன்றைய உடற்கூற்றியலில் அந்த நாடிகளுக்கு இடமில்லை. ஆனால் இசையை அறிய உடலை அறிய வேண்டும் என்ற அந்த நூலின் வரிசைமுறை ஆழமானது. பிற்காலத்து ஆய்வுகள் வேறு வழியில் வந்து சேர்ந்ததும் அதே இடத்துக்குத்தான்.

காலத்தை அளப்பதற்கு மட்டும் சார்ங்கதேவர் இதயத்தைத் தேடிப் போகவில்லை. ஐந்து குறில்களை உச்சரிக்கும் நேரம் அவருக்கு ஒரு மாத்திரை. தொல்காப்பியருக்குக் கண்ணிமைப்பும் கைநொடியும் அளவாக இருந்தன. இந்திய வைத்தியரும் நாடியை எண்ணிப் பார்த்தவர் அல்லர். அதன் நடையைப் பார்த்தவர். அன்னம்போல் நடக்கிறதா, ஆமைபோல் ஊர்கிறதா, தவளைபோல் தத்துகிறதா என்று விரல்நுனியில் உணர்ந்து வாதம், பித்தம், கபம் என்று பிரித்தார்கள் சித்த மருத்துவர்கள். நாடிக்கும் தாளத்துக்கும் நடை என்ற ஒரே சொல் இருந்தும், இந்த நாட்டில் இரண்டையும் அருகருகே வைத்து யாரும் எண்ணிப் பார்த்ததாகத் தெரியவில்லை.

ஐரோப்பாவில் அந்த எண்ணிக்கை முன்பே தொடங்கிவிட்டது. 1496-இல் மிலான் நகரத்து இசையறிஞர் கஃபூரியோ, அமைதியாக மூச்சுவிடும் மனிதனின் நாடியைக் கொண்டு இசையின் வேகத்தைக் குறித்தார். 1752-இல் பிரஷ்ய மன்னருக்குப் புல்லாங்குழல் கற்பித்த குவாண்ட்ஸ், ஆரோக்கியமான ஒருவரின் நாடி நிமிடத்துக்கு 80 என்று கொண்டு அதையே வேக அளவுகோலாக்கினார். இவர்கள் இருவரும் இதயத்தைக் கொண்டு இசையை அளந்தவர்கள். இசையைக் கேட்டால் இதயம் என்ன ஆகிறது என்ற மறுபக்கக் கேள்வியை, பிரெஞ்சு இசையமைப்பாளர் கிரெட்ரி 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில் தன் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டே பாடிப் பார்த்து எழுப்பினார். ரஷ்யாவின் கசான் பல்கலைக்கழகத்தில் டோகேல் 1880-இல் அதைக் கருவிகளோடு ஆய்வுக்கூடத்துக்குக் கொண்டுபோனார். இசை, மனிதரிடத்திலும் விலங்குகளிடத்திலும் இரத்த ஓட்டத்தை மாற்றுகிறது என்று அவர் காட்டினார்.

அதே காலத்தில் புனேயில் இசையைக் கேட்கும் முறையே மாறிக்கொண்டிருந்தது. பேஷ்வா ஆட்சி 1818-இல் முடிந்த பிறகு பாடகர்களுக்கு அரண்மனை ஆதரவு குறைந்தது. படித்த குடும்பங்கள் சங்கீதத்தை ஒதுக்கியே வைத்திருந்தன. அந்த நிலையை மாற்ற 1874-இல் தொடங்கியது பூனா காயன் சமாஜ். ஒரு மண்டபத்தில் குறித்த நேரத்தில் கூடி அமர்ந்து, இசையை இசைக்காகவே கேட்கும் வழக்கத்தை நகரத்தாரிடம் வளர்த்தது அது. 1883-இல் அதன் கிளை சென்னையிலும் அமைந்தது. சென்னை சபாக்களின் முன்னோடிகளைத் தேடுவோர் மியூசிக் அகாடமியோடு நின்றுவிடாமல், புனேயிலிருந்து வந்த இந்தக் கிளையையும் நினைவில் வைப்பது நியாயம். 1911-இல் பாடகர் பாஸ்கர்புவா பக்லே புனேயில் பாரத் காயன் சமாஜை நிறுவினார்.

சார்ங்கதேவர் இதயத்துக்குள் வைத்த 22 சுருதிகளும் இந்தக் காலத்தில்தான் இடம் மாறின. அரசுப் பணியில் ஓய்வுபெற்ற கிருஷ்ணாஜி பல்லாள் தேவல், அவற்றைத் தந்தியின் நீளங்களாகவும் அதிர்வு விகிதங்களாகவும் கணக்கிட்டு 1910-இல் புனேயில் நூலாக வெளியிட்டார். ஆங்கிலேய நீதிபதி கிளெமென்ட்ஸ் அந்த வேலையில் சேர்ந்துகொண்டார். கணக்கு சரிதானா என்று பார்க்கப் பாடிக் காட்டியவர் உஸ்தாத் அப்துல் கரீம் கான்.

உத்தரப் பிரதேசத்துக் கைரானாவில் பிறந்த அப்துல் கரீம் கான், 1913-இல் புனேயில் ஆரிய சங்கீத வித்யாலயத்தை நடத்தத் தொடங்கினார். கிரானா கரானா என்னும் பாணி மகாராட்டிரத்திலும் வட கர்நாடகத்திலும் வேரூன்றியது அவராலும் அவர் மாணவர்களாலும்தான். சுரத்தை அவசரமில்லாமல் நிறுத்தி, அதன் ஓரங்களைத் தொட்டுத் தொட்டு விரிப்பது அந்தப் பாணியின் உயிர். மைசூர் அரண்மனைக்கும் சென்னைக்கும் வந்துபோன அவர் கர்நாடக இசையையும் கற்றார். தியாகராஜ கிருதியை இசைத்தட்டில் பாடிவைத்தார். 1937 அக்டோபரில் சென்னையிலிருந்து புதுச்சேரிக்கு ரயிலில் போகும் வழியில் அவருக்கு நெஞ்சு வலித்தது. சிங்கப்பெருமாள் கோயில் நிலையத்தில் இறங்கி, தொழுதுவிட்டு, தர்பாரி ராகத்தில் இறைவன் பெயரைப் பாடியபடியே உயிர்விட்டார் என்று அவருடைய மாணவர் மரபு சொல்லிவருகிறது. உடல் மிரஜுக்குக் கொண்டுபோகப்பட்டுத் தர்காவில் அடக்கமானது. செங்கல்பட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் அந்தச் சிறு ரயில் நிலையம் இந்துஸ்தானி இசை வரலாற்றில் இடம்பெற்றிருப்பதைத் தமிழ்நாட்டில் அறிந்தவர் குறைவு.

கயால் என்னும் இந்துஸ்தானிப் பாடல்வகையின் மெதுநடை பிறகு இன்னும் மெதுவானது. அதே கரானாவின் அப்துல் வாகித் கான் விளம்பித் என்னும் மெதுலயத்தை மேலும் நீட்டினார். இன்று மிக மெதுவாகப் பாடப்படும் ஏக்தால் தாளத்தில் ஒரு மாத்திரை, அதாவது ஓர் எண்ணிக்கை, 4 அல்லது 5 விநாடி நீளும். 12 மாத்திரைகள் கொண்ட ஓர் ஆவர்த்தம் முடிய ஏறத்தாழ ஒரு நிமிடம் ஆகும். அந்த நேரத்தில் சும்மா உட்கார்ந்திருக்கும் ஒருவரின் இதயம் 70 முறை துடித்திருக்கும். ஆகவே மாத்திரைக்கு ஒரு துடிப்பு என்று இதயம் தாளத்தைப் பின்பற்றுகிறது என்ற பரவலான நம்பிக்கை இங்கே நிற்காது. ஆனால் ஓய்வில் இருப்பவர் நிமிடத்துக்கு 12 முதல் 15 முறை மூச்சுவிடுகிறார்; ஒரு மூச்சுக்கு 4 அல்லது 5 விநாடி. விளம்பித்தின் மாத்திரை பொருந்திப்போவது மூச்சோடுதான்.

மூச்சு வழியாகத்தான் இசை இதயத்தை அடைகிறது என்பதற்கு உடலியலில் தெளிவான காரணம் உண்டு. இதயத்தின் வலது மேலறையில் உள்ள கணுவொன்று தானாகவே துடிப்பை எழுப்புகிறது. அதை வேகப்படுத்துவது பரிவு நரம்பு. தணிப்பது வேகஸ் நரம்பு. மூச்சை உள்ளிழுக்கும்போது வேகஸின் பிடி தளர்ந்து துடிப்பு சற்றே கூடுகிறது. வெளிவிடும்போது பிடி இறுகித் துடிப்பு குறைகிறது. நீண்ட இசைத்தொடரைக் கேட்பவரின் மூச்சு அதன்போக்கில் நீளும்போது வேகஸ் அதிக நேரம் ஆள்கிறது.

இத்தாலியின் பாவியா நகரத்து மருத்துவர் லூசியானோ பெர்னார்டியும் குழுவினரும் 2006-இல் வெளியிட்ட ஆய்வு இதில் முக்கியமானது. இசைப் பயிற்சி உள்ள 12 பேரும் இல்லாத 12 பேரும் ஆறு வகை இசையைக் கேட்டார்கள். அவற்றில் இந்திய ராகமும் ஒன்று. வேகமான இசையில் மூச்சும் இரத்த அழுத்தமும் துடிப்பும் கூடின. எந்த வகை இசை, கேட்பவருக்குப் பிடித்ததா இல்லையா என்பதைவிட லயமே பெரிதாக வேலை செய்தது. நடுவில் இரண்டு நிமிடம் இசையை நிறுத்தியபோது துடிப்பு, இசை தொடங்கும் முன் இருந்த அளவுக்கும் கீழே இறங்கியது. இசையை அடுத்து வரும் மௌனம், வெறும் ஓய்வைவிட ஆழமாக உடலைத் தணிக்கிறது. சுரத்துக்கும் சுரத்துக்கும் நடுவே இடம்விட்டுப் பாடும் கிரானா பாணியைக் கேட்டுப் பழகிய புனே ரசிகருக்கு இந்த முடிவு புதுமையாகத் தோன்றாது.

மெதுநடை மட்டும் கதையல்ல. கச்சேரி துரித லயத்துக்கு ஏறி, எதிர்பார்த்து எதிர்பார்த்து, ஆவர்த்தத்தின் முதல் மாத்திரையான 'ஸம்'மில் வந்து விழும்போது அரங்கம் முழுவதும் தலையசைக்கிறது. சிலருக்கு மெய் சிலிர்க்கிறது. மான்ட்ரியால் நகரத்தில் ஆன் பிளட், ராபர்ட் ஸதோரே இருவரும் 2001-இல் வெளியிட்ட ஆய்வில், மெய் சிலிர்க்கும் கணங்களில் இதயத் துடிப்பும் மூச்சும் கூடுவது பதிவானது.

கேட்பதோடு நில்லாமல் சேர்ந்து பாடும் வழக்கம் புனேயில் இன்னும் பழையது. பக்திக் கவிஞர் துக்காராமின் மகன் நாராயண் மகராஜ் 1685-இல் தொடங்கிய பால்கி என்னும் பல்லக்கு ஊர்வல மரபில், தேஹுவிலிருந்து துக்காராமின் பாதுகைகளும் ஆளந்தியிலிருந்து ஞானேஸ்வரின் பாதுகைகளும் ஆண்டுதோறும் புனே வழியாகப் பண்டரிபுரம் போகின்றன. ஏறக்குறைய மூன்று வாரம் நடக்கும் வார்க்கரிகள் என்னும் பக்தர்கள் தாளமும் மிருதங்கமும் ஒலிக்க, இறைவன் பெயரை ஒரு பாதி ஒரு கூட்டமாகவும் மறுபாதி மறு கூட்டமாகவும் பாடிக்கொண்டே அடியெடுத்து வைக்கிறார்கள். ஒருவர் பாடும் நேரம் மற்றவர் மூச்செடுக்கும் நேரமாகிறது. ஜெபமாலை மன்றாட்டும் மந்திரமும் சொல்பவர்களின் மூச்சு நிமிடத்துக்கு ஆறு என்ற அளவுக்கு இறங்குவதைப் பெர்னார்டி குழு 2001-இலேயே காட்டியிருந்தது. சேர்ந்து பாடுபவர்களின் மூச்சு ஒன்றுபடும்போது அவர்களின் இதயத் துடிப்பும் ஒன்றாகவே ஏறி இறங்குவதை ஸ்வீடனின் விக்ஹாஃப் குழு 2013-இல் அளந்தது. நடையின் உழைப்பு துடிப்பை உயர்த்துவதால் பால்கியை ஆய்வுக்கூடத்தோடு அப்படியே ஒப்பிட முடியாது. ஆனாலும் பாட்டு மூச்சுக்கு ஒழுங்கு கொடுக்கும் முறை இரண்டிலும் ஒன்றுதான்.

அப்துல் கரீம் கானின் மாணவர் சவாய் கந்தர்வா 1952-இல் புனேயில் மறைந்தார். மறு ஆண்டே அவர் நினைவாகப் பாடகர் பீம்சேன் ஜோஷி இசைவிழாவைத் தொடங்கினார். டிசம்பர்க் குளிரில் திறந்த பந்தலில், விடிய விடியக் கேட்கும் விழாவாக அது வளர்ந்தது. விடியற்காலை ராகங்களை அவற்றுக்குரிய பொழுதிலேயே கேட்க ஆயிரக்கணக்கானோர் போர்வை போர்த்தி உட்கார்ந்திருந்தார்கள். 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளும் 2005-இல் உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பும் இரவு 10 மணிக்குப் பிறகு ஒலிபெருக்கியைக் கட்டுப்படுத்தின. முழு இரவு கேட்கும் வழக்கம் அதோடு போயிற்று. பேரோசையை அடக்க வந்த சட்டம் மென்மையான இசையின் பொழுதையும் எடுத்துக்கொண்டது பெரிய இழப்பு.

அந்தப் பேரோசைக்கும் புனேயே தாயகம். 1892-இல் பாவுசாகேப் ரங்காரியும் அடுத்து திலகரும் பொது விழாவாக்கிய கணபதி உற்சவத்தில் முதலில் மேளா என்ற பாடல் குழுக்களே முன்னின்றன. மாவள், முள்ஷி பக்கத்துக் கிராமங்களின் டோல் என்னும் பெருமுரசு நகரத்துக்குள் வந்து, 1970-களில் ஞானப் பிரபோதினி போன்ற பள்ளிகளின் மாணவர்கள் கையில் அணிவகுப்பு இசையாக வடிவெடுத்தது. இன்று நூற்றுக்கணக்கானோர் பதக் என்னும் ஒரே குழுவாகச் சேர்ந்து டோலும் தாஷா என்னும் சிறுமுரசும் அடிக்கிறார்கள். பெண்களும் டோலை இடுப்பில் கட்டுகிறார்கள். சிலைகளைக் கரைக்கும் விசர்ஜன நாளில் லக்ஷ்மி சாலையில் 100 டெசிபலைத் தாண்டிய பதிவுகள் உண்டு. குடியிருப்புப் பகுதியில் பகல் வரம்பு 55 டெசிபல். இரண்டுக்கும் உள்ள இடைவெளி, ஒலி ஆற்றலில் 30,000 மடங்குக்கும் மேல்.

டோலின் தாழ்ந்த அதிர்வு மார்புக்கூட்டையே தட்டுகிறது. இதயம் டோலோடு சேர்ந்து துடிப்பதாகக் கூட்டத்தில் நிற்பவர் உணர்வது இதனால்தான். உண்மையில் இதயம் தன் தாளத்திலேயே துடிக்கிறது. பேரோசை பரிவு நரம்பைத் தூண்டி அட்ரினலினைச் சுரக்கச் செய்வதால் அதன் வேகம் மட்டும் கூடுகிறது. அடிப்பவருக்கோ கனமான டோலைச் சுமக்கும் உழைப்பே துடிப்பை ஏற்றிவிடுகிறது. இதய நோயாளிகளுக்கும் முதியோருக்கும் இந்த ஏற்றம் உகந்ததல்ல. மருத்துவமனைகளைச் சுற்றி 100 மீட்டரை அமைதி மண்டலமாக அறிவிக்க விதி இடம் தருகிறது. மாறாக, இதய நோயாளிகளுக்கு மென்மையான இசை தரும் பயனைப் பற்றி 26 சோதனைகளை, 1,369 பேரின் தரவுகளோடு தொகுத்த காக்ரேன் ஆய்வு 2013-இல் வந்தது. பதற்றம் குறைகிறது, துடிப்பும் இரத்த அழுத்தமும் சிறிதளவு இறங்குகின்றன என்பது அதன் முடிவு. மருந்துக்கு மாற்றாக இசையை முன்னிறுத்துவோர் இந்தச் 'சிறிதளவை' மறைக்கக் கூடாது.

2024 ஆகஸ்டில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் ஒரு பதக்கில் 30 பேருக்கு மேல் கூடாது என்று ஆணையிட்டது. பதக்குகள் உச்ச நீதிமன்றம் போயின. செப்டம்பர் 12 அன்று அந்த வரம்புக்கு இடைக்காலத் தடை விதித்த அமர்வில், டோல்-தாஷா புனேயின் இதயம் என்று அப்போதைய தலைமை நீதிபதி சந்திரசூட் குறிப்பிட்டார். அடுத்த சில நாட்களில் விசர்ஜன ஊர்வலம் அந்த 30 பேர் வரம்பு இல்லாமல் லக்ஷ்மி சாலை வழியே போயிற்று.